ஸ்மார்ட்போனுக்குள் என்னவெல்லாம் அசைகிறது?

ஆஃப் செய்த ஸ்மார்ட்போன் ஒன்றைக் காதருகே வைத்து மெதுவாக ஆட்டிப் பாருங்கள். நல்ல கேமரா உள்ள மாடலாக இருந்தால், பின்பக்கம் கேமரா இருக்கும் இடத்திலிருந்து லேசாகக் 'கடகட'வென்று ஒரு சத்தம் வரும். புதுப் போனில் இதைக் கேட்டுவிட்டு, உள்ளே ஏதோ கழன்றுவிட்டது என்று சர்வீஸ் சென்டருக்கு ஓடுகிறவர்கள் உண்டு. எதுவும் கழலவில்லை. அங்கே ஒரு பாகத்தை ஆடும்படியேதான் பொருத்தியிருக்கிறார்கள்.

ஹார்ட் டிஸ்க் கிடையாது, ஃபேன் கிடையாது, கீபேடும் எப்போதோ போய்விட்டது. அதனால் ஸ்மார்ட்போன் என்றால் முழுக்க எலெக்ட்ரானிக்ஸ், உள்ளே எதுவும் அசையாது என்றுதான் பெரும்பாலோர் நினைக்கிறோம். பிரித்துப் பார்த்தால் ஸ்பிரிங்குகள், எடைக்கட்டிகள், சவ்வுகள் என்று ஒரு இயந்திரக்கூடமே உள்ளே இருக்கிறது. போனைப் பிரித்துக் காட்டுகிறவர்கள் பெரும்பாலும் பிராசஸரைப் பற்றித்தான் அதிகம் பேசுவார்கள். அதுவும் நியாயம்தான், ஆப்பிள் 2023இல் கொண்டுவந்த ஏ17 புரோ சிப்பில் மட்டும் 1,900 கோடி டிரான்சிஸ்டர்கள். ஆனால் என்னை அதிகம் வியக்கவைப்பது அந்தச் சிப்புக்குப் பக்கத்தில் யாரும் கவனிக்காமல் கிடக்கும் குட்டிப் பாகங்கள்தான். இந்தக் கட்டுரை அவற்றைத் தேடிப் போகிறது.

திறப்பதே பெரிய வேலை. பழைய போன்களைப் போல நகத்தால் நெம்பி மூடியைக் கழற்ற முடியாது. தண்ணீரும் தூசியும் போகாமலிருக்க, பின்பக்கக் கண்ணாடியைச் சுற்றிலும் பசை போட்டு ஒட்டிவிடுகிறார்கள். ஹீட் கன் பிடித்தோ சூடான தட்டில் வைத்தோ ஏறக்குறைய 80 டிகிரி செல்சியஸுக்குக் கொண்டுவந்தால் பசை இளகும். பிறகு உறிஞ்சு கப்பை ஒட்டிக் கண்ணாடியைச் சற்றே தூக்கி, கிடைக்கிற மயிரிழை இடைவெளியில் மெல்லிய பிளாஸ்டிக் தகட்டைச் செருகி நாலா பக்கமும் ஓட்ட வேண்டும். அவசரப்பட்டால் கண்ணாடி நொறுங்கும். தகட்டை ஆழமாக விட்டால் ரிப்பன் கேபிள் அறுந்துபோகும்.

மூடி வந்ததும் ஸ்க்ரூக்கள். எல்லாம் ஒரே மாதிரித் தெரியும். நீளம் மட்டும் துளி வித்தியாசப்படும். நீளமான ஸ்க்ரூவைக் குட்டையானதன் இடத்தில் போட்டு முறுக்கினால், அதன் நுனி மதர்போர்டுக்குள் இறங்கிச் செப்புத் தடங்களை அறுத்துவிடும். கைதேர்ந்தவர்கள் ஒவ்வொரு ஸ்க்ரூவையும் அதனதன் இடம் தெரிகிற மாதிரி வரிசையாக எடுத்துவைப்பது இதனால்தான். அப்புறம் வேறு எதையும் தொடுமுன் பேட்டரியின் கனெக்டரை நெம்பி எடுத்துவிட வேண்டும். மின்சாரம் ஓடும் போர்டில் கை வைப்பது போனுக்கு நல்லதல்ல.

உள்ளே பெரும்பகுதி இடத்தைப் பிடித்திருப்பது பேட்டரிதான். இதுவும் அசைகிறது என்றால் நம்பக் கஷ்டமாக இருக்கும். சார்ஜ் ஏறும்போது லித்தியம் அயனிகள் ஒரு முனையிலிருந்து கிளம்பி, மறுமுனையில் இருக்கும் கிராஃபைட்டின் அடுக்குகளுக்கு நடுவே போய் உட்காருகின்றன. அவற்றுக்கு இடம் கொடுக்க கிராஃபைட் சுமார் 10 சதவீதம் உப்புகிறது. சார்ஜ் இறங்கினால் பழையபடி சுருங்குகிறது. இந்த மூச்சுவிடலுக்கு இடம் ஒதுக்கித்தான் பேட்டரியையும் போனையும் வடிவமைக்கிறார்கள். இடம் போதாமல் போனால் என்ன ஆகும் என்பதை 2016இல் கேலக்ஸி நோட் 7 விஷயத்தில் உலகமே பார்த்தது. தீப்பிடித்த பேட்டரிகளில் ஒரு வகையில், மேல் மூலையில் எதிர்மின்முனை நெருக்கப்பட்டு வளைந்திருந்தது என்று சாம்சங் 2017 ஜனவரியில் விளக்கியது. வயதான பேட்டரி வீங்குவது வேறு கதை. உள்ளே இருக்கும் திரவம் சிதைந்து வாயுவாகி, பையை ஊதவைக்கிறது. வீங்கிய பேட்டரியைக் குத்துவதோ அழுத்துவதோ கூடவே கூடாது.

போனின் கீழ்ப்பாதிக்கு வருவோம். அங்கே ஒரு சின்ன உலோகப் பெட்டி இருக்கும். கையில் எடுத்தால் அளவுக்குப் பொருந்தாத கனம். இதுதான் அதிர்வு மோட்டார். பழைய போன்களில் ஒருபக்கம் எடை கூடிய சக்கரம் ஒன்று சுழன்று போனை உதறவைத்தது. அது வேகமெடுக்கவும் நேரமாகும், நிற்கவும் நேரமாகும். இப்போது வருவதில் சக்கரம் இல்லை. ஸ்பிரிங்குகளுக்கு நடுவே ஓர் எடைக்கட்டி, பக்கத்தில் கம்பிச்சுருளும் காந்தமும். சுருளில் மின்சாரம் மாறி மாறிப் பாய்ந்தால் கட்டி முன்னும் பின்னும் ஆடும். சிறிய இடத்தில் அதிக எடை வேண்டும் என்பதால் பல மாடல்களில் டங்ஸ்டனைப் பயன்படுத்துகிறார்கள். அதன் அடர்த்தி ஏறக்குறைய தங்கத்தின் அடர்த்திதான்.

அந்த ஸ்பிரிங்கும் எடையும் சேர்ந்த அமைப்புக்கு ஓர் இயல்பான அதிர்வெண் உண்டு. பெரும்பாலும் அது நொடிக்கு 150 முதல் 200 தடவைக்குள் இருக்கும்படி அமைக்கிறார்கள். அந்த வேகத்திலேயே ஆட்டினால் குறைந்த மின்சாரத்தில் பெரிய அசைவு கிடைக்கும். விரல் நுனியின் தோலுக்குக் கீழே இருக்கும் அதிர்வு உணர்விகளும் 200, 250 வாக்கில்தான் மிகக் கூர்மையாக வேலை செய்கின்றன. எந்திரத்தின் வசதியும் உடம்பின் வசதியும் அருகருகே அமைந்துவிட்டதால் நம்மை நன்றாகவே ஏமாற்ற முடிகிறது. 2016இல் வந்த ஐபோன் 7இன் ஹோம் பட்டன் துளிகூட அழுந்தாது. அழுத்தம் கொடுத்த நொடியில் கட்டி ஒரு துடிப்பு துடித்து நிற்கும். விரல் 'கிளிக்' ஆனதாக நம்பிவிடும்.

பக்கத்திலேயே ஸ்பீக்கர். அதன் சவ்வு முன்னும் பின்னும் ஆடிக் காற்றைத் தள்ளும்போது, பின்னால் அடைபட்டிருக்கும் காற்று எதிர்த்துத் தள்ளும். அறை சிறிதாக இருக்க இருக்க எதிர்ப்பு கூடும், கனத்த ஒலி வராது. போனில் அறையைப் பெரிதாக்க இடமேது? அதற்குச் சில தயாரிப்பாளர்கள் கண்டுபிடித்த வழி எனக்கு மிகவும் பிடித்தமானது: அறைக்குள் ஜியோலைட் போன்ற நுண்துளைப் பொருளைச் சின்னச் சின்ன மணிகளாக நிரப்பிவிடுகிறார்கள். காற்று நெருக்கப்படும்போது அதன் மூலக்கூறுகளில் ஒரு பகுதி அந்தத் துளைகளின் சுவரில் ஒட்டிக்கொள்கிறது, தளரும்போது விடுபடுகிறது. பொருளை அடைத்தும் அறை முன்பைவிடப் பெரிதானதுபோல நடந்துகொள்கிறது. இப்படிப்பட்ட ஸ்பீக்கரை உடைத்தால் மணிகள் கொட்டும்.

மைக்கும் சவ்வுதான், ஆனால் அளவே வேறு. சிலிக்கானில் செதுக்கிய, ஒரு மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) வாக்கில் தடிமன் உள்ள தகடு. அதை ஒட்டித் துளைகள் போட்ட இன்னொரு தகடு. பேச்சின் அழுத்தத்தில் முதல் தகடு அதிர, இரண்டுக்கும் இடையேயான மின்தேக்கம் (மின்னூட்டத்தைச் சேர்த்துவைக்கும் திறன்) மாறுகிறது. அந்த மாற்றமே உங்கள் குரல். சிம் தட்டின் துளை என்று நினைத்து மைக் துளையில் ஊசியை விடுகிறவர்கள் உண்டு. சில மாடல்களில் துளைக்கு நேரே உள்ளே இருப்பது இந்தச் சவ்வைக் காக்கும் வலைதான் என்பதால், கிழிந்தால் போச்சு.

சரி, அந்தக் 'கடகட' சத்தத்துக்கு வருவோம். கேமராப் பெட்டிக்குள் ஐந்து முதல் எட்டு வரை பிளாஸ்டிக் லென்ஸ்கள் அடுக்கப்பட்ட ஒரு குழல் இருக்கிறது. குழலைச் சுற்றிக் கம்பிச்சுருள், அதன் பக்கத்தில் காந்தங்கள். மெல்லிய ஸ்பிரிங்குகள் குழலைத் தாங்கிப் பிடித்திருக்கும். சுருளில் எவ்வளவு மின்சாரம் என்பதைப் பொறுத்துக் குழல் முன்னே பின்னே நகர்ந்து ஃபோகஸ் செய்கிறது. கைநடுக்கத்தைச் சமாளிக்கும் வசதி உள்ள கேமராவில் குழல் பக்கவாட்டிலும் நகரும். போன் இடப்பக்கம் அசைந்தால் அதை ஈடுகட்டும் அளவுக்கு லென்ஸை நகர்த்தி, படம் சென்சார்மேல் ஒரே இடத்தில் விழும்படி பார்த்துக்கொள்கிறது. 2020இல் ஐபோன் 12 புரோ மேக்ஸில் லென்ஸுக்குப் பதிலாகச் சென்சாரையே நகர்த்தினார்கள். கேமரா ஓடாதபோது பிடிப்பதற்கு மின்சாரம் இல்லை. தளர்வாக மிதக்கும் அந்தப் பாகம் போனை ஆட்டினால் இடித்துக்கொள்கிறது, அவ்வளவுதான். மோட்டார் சைக்கிளின் ஹேண்டில்பாரில் போனைப் பொருத்தி நீண்ட தூரம் ஓட்டினால் கேமராவின் இந்த அமைப்பு கெட்டுப்போகலாம் என்று ஆப்பிள் 2021இல் எச்சரித்ததும் இதனால்தான்.

போன் எவ்வளவு அசைந்தது என்று கேமராவுக்குச் சொல்வது யார்? மதர்போர்டை வெளியே எடுத்து, மேலே மூடியிருக்கும் உலோகக் கவசத்தை நீக்கினால், இரண்டு மூன்று மில்லிமீட்டர் அகலமுள்ள ஒரு கறுப்புச் சதுரம் இருக்கும். வெளித்தோற்றத்தில் மற்ற ஐசிக்களுக்கும் இதற்கும் வித்தியாசமே தெரியாது. போனுக்குள் இருப்பவற்றிலேயே எனக்கு அதிசயமாகப் படுவது இதுதான். வேக மாற்றத்தை அளக்கும் முடுக்கமானி, திரும்பும் வேகத்தை அளக்கும் ஜைரோஸ்கோப் இரண்டும் இதற்குள் இருக்கின்றன.

முதலில் முடுக்கமானி. சிலிக்கானில் செதுக்கிய ஒரு தகடு, சிலிக்கானிலேயே செதுக்கிய ஸ்பிரிங்குகளில் அந்தரத்தில் தொங்குகிறது. தகட்டின் ஓரங்களில் வரிசையாகப் பற்கள். எதிரே அசையாத சட்டத்திலும் அதே மாதிரிப் பற்கள். இரண்டு சீப்புகளை ஒன்றின் பற்களுக்கு நடுவே இன்னொன்றின் பற்கள் வரும்படி, ஒட்டாமல் கோத்துப் பிடித்தால் எப்படியோ அப்படி. பற்களுக்கு இடையே இருப்பது ஓரிரு மைக்ரான் இடைவெளி. போன் நகரும்போது தகடு தன் நிலைமத்தால் பின்தங்க, இடைவெளி மாறுகிறது, அதனால் மின்தேக்கம் மாறுகிறது. புவியீர்ப்பு முழுதாக இழுக்கும்போதுகூட இந்தத் தகடு நகர்வது சில பத்து நானோமீட்டர்தான், அதாவது மைக்ரானில் நூறில் சில பங்கு. அதையும் அளந்து போன் நிமிர்ந்திருக்கிறதா, படுத்திருக்கிறதா என்று கண்டுபிடித்துத் திரையைத் திருப்பிவிடுகிறது.

இதில் ஒரு விசித்திரம் உண்டு. மேஜைமேல் அசையாமல் கிடக்கும் போனின் முடுக்கமானி 9.8 (மீட்டர்/நொடி², புவியீர்ப்பு முடுக்கத்தின் அளவு) என்று காட்டும். கையிலிருந்து நழுவிக் கீழே விழுந்துகொண்டிருக்கும் போனில் அது பூஜ்யத்துக்கு வந்துவிடும். விழும்போது தகடும் சட்டமும் ஒரே வேகத்தில் விழுகின்றன, அதனால் ஸ்பிரிங் வளைய வேண்டியதில்லை. தரையில் மோதுவதற்கு முன்பே தான் விழுகிறோம் என்பது போனுக்குத் தெரிந்துவிடும்.

அந்தரத்தில் தொங்கும் தகட்டை எப்படிச் செய்கிறார்கள்? சிலிக்கானுக்குக் கீழே ஆக்சைடு அடுக்கு ஒன்று இருக்கும். மேலிருந்து பற்களையும் ஸ்பிரிங்குகளையும் ஆழமாக அரித்து எடுத்துவிட்டு, ஹைட்ரஜன் ஃபுளோரைடு ஆவியை உள்ளே விடுவார்கள். அது சிலிக்கானைத் தொடாமல் ஆக்சைடை மட்டும் தின்றுவிடும். அடிப்பகுதி கரைந்துபோக, தகடு தொங்க ஆரம்பிக்கும். செங்குத்தாக ஆழமாக அரிக்கும் முறையை 1990களில் பாஷ் நிறுவனத்தில் உருவாக்கினார்கள். இந்த வகைக் கருவிகள் போனுக்கு வருமுன் கார்களில் ஏர்பேக்கை விரியவைக்கும் வேலையில் இருந்தன.

ஜைரோஸ்கோப் இன்னும் ஒரு படி மேலே. அதன் தகடு சும்மா தொங்குவதில்லை. நொடிக்குப் பல்லாயிரம் தடவை இடமும் வலமும் அதிர்ந்துகொண்டே இருக்கிறது. அந்த நேரத்தில் போனைத் திருப்பினால், கோரியோலிஸ் விசை (சுழலும் ஒன்றில் நகரும் பொருளைப் பக்கவாட்டில் தள்ளுவதாகத் தோன்றும் விசை) தகட்டை அதன் பாதைக்குச் செங்குத்தான திசையில் தள்ளும். எவ்வளவு தள்ளுகிறது என்று அளந்தால் எவ்வளவு வேகமாகத் திருப்பினோம் என்று தெரிந்துவிடும். கேமரா லென்ஸுக்கு உத்தரவு இங்கிருந்துதான் போகிறது. காற்று இருந்தால் இந்த அதிர்வை மட்டுப்படுத்திவிடும் என்பதால், தகட்டை ஏறக்குறைய வெற்றிடமான அறைக்குள் வைத்து மூடுகிறார்கள்.

இப்படிப்பட்ட வெற்றிட அறைக்கு ஓர் எதிரி உண்டு: ஹீலியம். 2018இல் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் ஒரு மருத்துவமனையில் புது எம்ஆர்ஐ கருவியை நிறுவும்போது, அதன் காந்தத்தைக் குளிர்விக்கும் ஹீலியம் கசிந்து கட்டடத்துக்குள் பரவியது. அங்கிருந்தவர்களின் ஐபோன்களும் ஆப்பிள் வாட்ச்களுமாகச் சுமார் 40 செத்துக் கிடந்தன. மற்ற நிறுவனங்களின் போன்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. காரணம் கடிகாரத்தில் இருந்தது. எந்தப் போனுக்கும் நேரத்தை எண்ணித் தர ஓர் அதிர்வி வேண்டும். வழக்கமாக அது இசைக்கவை வடிவில் வெட்டிய குவார்ட்ஸ் துண்டு. நொடிக்கு 32,768 தடவை அதிரும். இந்த எண்ணைப் பதினைந்து முறை பாதியாக்கினால் சரியாக ஒன்று, அதாவது ஒரு நொடி. பாதிக்கப்பட்ட கருவிகளில் குவார்ட்ஸுக்குப் பதிலாகச் சிலிக்கான் அதிர்வி இருந்தது. ஹீலியம் அணுக்கள் மிகச் சிறியவை என்பதால் அதன் மூடியை ஊடுருவி உள்ளே போய் வெற்றிடத்தைக் கெடுத்தன. அதிர்வு தப்பியது, போன் உறைந்தது. சில நாள் நல்ல காற்றில் கிடந்ததும் ஹீலியம் வெளியேற, பெரும்பாலானவை தானாகவே பிழைத்துக்கொண்டன.

இவ்வளவு மென்மையான பாகங்கள் உள்ளே இருப்பதால் சுத்தம் செய்வதிலும் கவனம் தேவை. பீச்சியடிக்கும் காற்று மைக் சவ்வைக் கிழிக்கலாம். போர்டை அல்ட்ராசோனிக் தொட்டியில் (காதுக்குக் கேட்காத ஒலி அதிர்வால் அழுக்கை நீக்கும் தொட்டி) போட்டுக் கழுவுவது பழுது பார்ப்பவர்களிடம் சகஜம். ஆனால் அந்த அதிர்வு ஜைரோஸ்கோப்பின் சொந்த அதிர்வோடு ஒத்துப்போனால் தகடு ஒடிந்துபோகும்.

மீண்டும் மூடும்போது பழைய பசையைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதிய பசைப்பட்டையை ஒட்ட வேண்டும். சரியாக ஒட்டியதா என்று தண்ணீரில் முக்கிப் பார்க்கத் தேவையில்லை. பல போன்களில் காற்றழுத்தத்தை அளக்கும் சவ்வு ஒன்றும் இருக்கிறது. ஒரு மீட்டர் உயரம் ஏறினால் குறையும் சுமார் 12 பாஸ்கல் (அழுத்தத்தின் அலகு) அளவு மாற்றத்தைக்கூட அது கவனித்துவிடும். போனின் உட்புறக் காற்றை இந்தச் சவ்வு அளக்கிற மாடலாக இருந்தால், அழுத்தத்தைக் காட்டும் செயலி ஒன்றைத் திறந்துவைத்துத் திரையை விரலால் லேசாக அழுத்துங்கள். எண் சட்டென ஏறி, பிறகு மெல்ல இறங்கினால் பசை பிடித்திருக்கிறது. காற்றை விட்டுத் தண்ணீரைத் தடுக்கும் நுண்துளைச் சவ்வு வழியாக மட்டுமே அழுத்தம் வடிகிறது. எண் அசையவே இல்லையென்றால் எங்கோ இடைவெளி விட்டிருக்கிறீர்கள். ஹீட் கன்னைத் திரும்ப எடுக்க வேண்டியதுதான்.