ரெயில்ஸில் கோப்பு எங்கே ஒட்டிக்கொள்கிறது?

வெப் ஆப்கள் எழுத உதவும் ரூபி ஆன் ரெயில்ஸில் யூசர் மாடலுக்கு (யூசர்ஸ் டேபிளைக் கையாளும் கிளாஸ்) ஒரு புரொஃபைல் படம் வேண்டுமென்றால் 'ஹேஸ் ஒன் அட்டாச்டு அவதார்' என்று ஒரு வரி எழுதினால் போதும், ஆனால் யூசர்ஸ் டேபிளைத் திறந்து பார்த்தால் படத்துக்கென்று அதில் ஒரு ஃபீல்டுகூட இருக்காது. இந்த ஒன்று புரிந்துவிட்டால், கோப்புகளை மாடலோடு இணைக்கும் ரெயில்ஸின் பகுதியான ஆக்டிவ் ஸ்டோரேஜில் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

இதே வேலைக்குப் பேப்பர்கிளிப் என்ற லைப்ரரி இருந்த நாட்களில் கோப்பின் பெயர், வகை, அளவு, மாற்றிய நேரம் என்று நான்கு ஃபீல்டுகளை யூசர்ஸ் டேபிளிலேயே சேர்ப்போம். இன்னொரு படம் என்றால் இன்னும் நான்கு. 2018-இல் ரெயில்ஸ் 5.2-உடன் வந்த ஆக்டிவ் ஸ்டோரேஜ் இதைத் தனி டேபிள்களுக்கு நகர்த்தியது.

முதலாவது பிளாப்ஸ் டேபிள்; ஒரு கோப்பைப் பற்றிய பதிவுதான் ஒரு பிளாப். கோப்பின் பெயர், வகை, எத்தனை பைட், செக்சம் (கோப்பு சிதையவில்லை என்று சரிபார்க்கும் குறியீடு) எல்லாம் இதில்தான். கூடவே 28 எழுத்து கொண்ட ஒரு கீ. கோப்பு டிஸ்கில் சேமிக்கப்படும்போது அந்தக் கீயின் முதல் இரண்டு எழுத்து ஒரு ஃபோல்டர், அடுத்த இரண்டு அதற்குள் இன்னொரு ஃபோல்டர், அதற்குள்ளே கீதான் கோப்பின் பெயர். அதனால் ஆயிரம் பேர் ஒரே பெயரில் படம் ஏற்றினாலும் ஒன்றின் மேல் ஒன்று எழுதப்படாது.

இரண்டாவதான அட்டாச்மென்ட்ஸ் டேபிள்தான் முக்கியம். 'அவதார்', 'யூசர்', அந்த யூசரின் ஐடி (42 என்று வையுங்கள்), அப்புறம் பிளாபின் எண்: ஒரு வரிசையில் இருப்பது ஏறக்குறைய இவ்வளவுதான். எந்த மாடலும் இங்கே வந்து சேரலாம் என்பதால் மாடலின் பெயர் வெறும் எழுத்தாகவே பதிவாகிறது. நாளைக்கு யூசரை மெம்பர் என்று மாற்றினால் பழைய வரிசைகளில் 'யூசர்' என்றே இருக்கும், படங்கள் எல்லாம் காணாமல் போனதுபோலத் தெரியும். கோப்புகளுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. பெயர் மாற்றும் மைக்ரேஷனிலேயே (டேட்டாபேஸை மாற்றும் ஸ்கிரிப்ட்) மாடலின் பெயர் இருக்கும் இந்த ஃபீல்டையும் மாற்றிவிடுங்கள்.

அந்த 42 இருக்கும் ஃபீல்டும் கவனிக்க வேண்டியது. உங்கள் மாடல்களின் ஐடி வெறும் எண்ணாக இல்லாமல் யூயூஐடி (எழுத்தும் எண்ணும் கலந்த நீண்ட தனித்த அடையாளம்) என்றால், ஆக்டிவ் ஸ்டோரேஜின் மைக்ரேஷனை ஓட்டுவதற்கு முன்பே இந்த ஃபீல்டும் யூயூஐடியாக இருக்கிறதா என்று பாருங்கள், கோப்புகள் சேர்ந்தபிறகு மாற்றுவது பெரிய வேலை.

சரி, வேகம்? ஒரு பக்கத்தில் 50 பேரைப் படத்தோடு காட்டினால், ஒவ்வொருவருக்கும் அட்டாச்மென்ட்டுக்கு ஒன்று, பிளாபுக்கு ஒன்று என்று டேட்டாபேஸில் நூற்றுக்கு மேல் குவெரிகள் ஓடும். 'வித் அட்டாச்டு அவதார்' என்ற ஸ்கோப்பை (பெயர் வைத்த தயார் குவெரி) ரெயில்ஸே உருவாக்கித் தருகிறது. அதைச் சேர்த்தால் எல்லா வரிசைகளும் மொத்தமாக வந்துவிடும், குவெரிகளை விரல்விட்டு எண்ணிவிடலாம்.