தொட்டால் காய்ந்த சுவர், உள்ளே ஓதம்

வேளச்சேரி வாசகர் ஒருவர் கேட்கிறார்: "மிக்ஜாம் புயல் வெள்ளத்தில் தரைத்தளத்துக்குள் முழங்கால் அளவு தண்ணீர். வடிந்ததும் ஒரு காண்ட்ராக்டரைப் பிடித்தோம். பெரிய பெரிய ஃபேன்களைக் கொண்டுவந்து நாலைந்து நாள் ஓட்டினார். தொட்டுப் பார்த்தோம், காய்ந்திருந்தது. பட்டி பார்த்து வாட்டர் ப்ரூஃப் பெயின்ட்டும் அடித்துக் கொடுத்தார். சித்திரை பிறப்பதற்குள் பூச்சு பொரிந்து கொட்டுகிறது. ஏமாற்றிவிட்டாரா?"

இருக்கலாம். ஆனால் சுவர் அவரையும் சேர்த்து ஏமாற்றியிருக்கவே வாய்ப்பு அதிகம்.

நுண்புழை ஏற்றம் பள்ளியிலேயே படித்ததுதான். குழாய் மெலிய மெலிய நீர் உயர ஏறும். ஒரு மில்லிமீட்டர் ஆரமுள்ள குழாயில் ஒன்றரை சென்டிமீட்டர் ஏறும் நீர், அதில் நூறில் ஒரு பங்கு ஆரமுள்ள துளையில் ஒன்றரை மீட்டர் ஏறப் பார்க்கும். செங்கல்லிலும் சிமென்ட் பூச்சிலும் இருப்பவை இப்படிப்பட்ட துளைகளே. முழங்கால் அளவு வெள்ளம் இடுப்பளவு ஓதமாவது இப்படித்தான்.

எவ்வளவு தண்ணீர்? மூன்று மீட்டர் நீளமுள்ள ஒன்பது இஞ்ச் சுவரில் ஒரு மீட்டர் உயரம் நனைந்ததாக வைத்துக்கொள்வோம். அந்தப் பகுதியின் எடை ஆயிரம் கிலோவுக்கு மேல். தன் எடையில் 12 சதவீதம் குடித்திருந்தாலே சுமார் 140 லிட்டர். அத்தனையும் ஆவியாகத் தேவைப்படும் வெப்பம் 90 யூனிட் மின்சாரத்துக்கு மேல். ஒரே ஒரு சுவருக்கு!

இனி எனக்குப் பிடித்த இடம். ஈரச்சுவர் இரண்டு கட்டமாக உலர்கிறது.

முதல் கட்டத்தில் துளைகள் நிறைய நீர் இருக்கிறது. மேற்பரப்பில் ஆவியாகும் ஒவ்வொரு துளிக்கும் பதிலாக உள்ளிருந்து ஒரு துளி, விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவது போல, திரவமாகவே வெளியே வந்து சேர்கிறது. ஆகவே மேற்பரப்பு ஈரமாகவே இருக்கும், உலரும் வேகமும் ஏறக்குறைய மாறாது. வேகத்தைத் தீர்மானிப்பது வெளிக்காற்று. ஃபேன் இங்கே நன்றாகவே வேலை செய்யும்.

உள்ளே நீர் குறையக் குறைய, துளைக்குத் துளை தொடர்ந்திருந்த நீர்ச்சரடு ஓரிடத்தில் அறுகிறது. அங்கிருந்து இரண்டாம் கட்டம். நீர் ஆவியாகும் இடம் மேற்பரப்பை விட்டுச் சுவருக்குள் பின்வாங்குகிறது, முதலில் சில மில்லிமீட்டர், பிறகு சில சென்டிமீட்டர். அங்கே உண்டாகும் ஆவி, வளைந்து நெளிந்த துளைகள் வழியே மூலக்கூறு மூலக்கூறாகப் பரவித்தான் வெளியேற வேண்டும். வேகம் படுத்துவிடும். இப்போது எவ்வளவு பெரிய ஃபேன் வைத்தாலும் பெரிதாகப் பயனில்லை, ஏனென்றால் தடை காற்றில் இல்லை, சுவருக்குள் இருக்கிறது. இதில் ஒரு விசித்திரமும் உண்டு. காற்றை வெறித்தனமாக அடித்தால், உள்ளிருந்து நீர் வரும் வேகம் ஈடுகொடுக்க முடியாமல் சரடு சீக்கிரமே அறுந்துவிடும். அதாவது சுவர் தொடுகைக்குச் சீக்கிரம் காயும், உள்ளே அதிக நீரை வைத்துக்கொண்டு! வாசகரின் சுவர் 'காய்ந்தது' இப்படித்தான். பிரிட்டன் கட்டடக்காரர்களிடம் ஒரு பழைய கணக்கு உண்டு: சுவர் உலர, ஓர் அங்குலத் தடிமனுக்கு ஒரு மாதம். ஒன்பது இஞ்ச்சுக்கு நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள்.

நீர் வெளியேறினாலும் அதில் கரைந்த உப்பு போகாது. முதல் கட்டத்தில் அது வெளியே வெள்ளையாகப் பூக்கும். பார்க்க அசிங்கம், கேடு குறைவு. இரண்டாம் கட்டத்தில் ஆவியாகும் இடம் உள்ளே போவதால் உப்பும் பூச்சுக்கு அடியில் படிகமாகும். சோடியம் சல்பேட் இதில் மோசமானது. பத்து நீர் மூலக்கூறுகளைச் சேர்த்துக்கொண்டால் அதன் கன அளவு மூன்று மடங்குக்கு மேல் பெருகும். இந்த மாற்றத்தின் எல்லை வெப்பநிலை 32.4 டிகிரி செல்சியஸ். காற்றில் ஈரம் குறையக் குறைய அது இன்னும் கீழேயும் நகரும். பங்குனியில் சென்னைப் பகல் அந்த எல்லையைத் தாண்டும், இரவு கீழே இறங்கும். படிகம் வீங்கிச் சுருங்கி வீங்கிப் பூச்சைப் பெயர்க்கும். மேலே வாட்டர் ப்ரூஃப் பெயின்ட் வேறு வாயை அடைத்திருக்கிறது.

இந்த நேரத்தில்தான் யாராவது வந்து ஈசானிய மூலையில் தோஷம் என்பார். ஈசானியத்தில் சம்ப் வைக்கச் சொன்னதும் அதே வாஸ்துதான். சம்ப் கசிந்தால் பக்கத்துச் சுவர் நனையாமல் என்ன செய்யும்?

சரி, காண்ட்ராக்டரிடம் என்ன கேட்பது? மின் இணைப்பைத் துண்டித்துச் சோதிப்பதும், சாக்கடை கலந்த நீரில் ஊறிய மெத்தையையும் பார்ட்டிகிள் போர்டு அலமாரியையும் தூக்கி எறிவதும் எல்லோரும் செய்வார்கள். பூஞ்சை ஓரிரு நாளிலேயே கிளம்பிவிடும் என்பதால் அதில் தாமதம் கூடாது. நான் முதலில் கேட்பது, "உலர்ந்ததை எதை வைத்து அளப்பீர்கள்?" என்பதுதான். கையால் தொட்டுப் பார்ப்பேன் என்றால் வேறு ஆளைப் பாருங்கள். இரண்டு ஊசி குத்தும் மீட்டர் மின்தடையை அளக்கிறது. உப்பேறிய சுவரில் தப்புக் கணக்குக் காட்டும். நம்பகமானது கார்பைடு முறை. சுவரில் ஆழமாகத் துளையிட்டு எடுத்த தூளைக் கால்சியம் கார்பைடுடன் எஃகுக் குப்பியில் போட்டுக் குலுக்குவார்கள். ஈரம் பட்டதும் அசிட்டிலீன் வாயு வரும். அதன் அழுத்தமே ஈரத்தின் அளவு. மாம்பழத்தைப் பழுக்க வைக்கத் தடை செய்யப்பட்ட அதே கல், இங்கே உருப்படியான வேலைக்கு.

அடுத்து, ஈரநீக்கி இயந்திரம் வைப்பாரா? மழைக்கால ஈரக் காற்றை ஜன்னல் திறந்து உள்ளே விட்டு என்ன உலரும்? கதவு ஜன்னலைச் சாத்தி, காற்றைக் குளிர்வித்து நீரை வடிக்க வேண்டும். வாடகைக்குக் கிடைக்காவிட்டால் ஏசியின் 'டிரை' நிலையும் ஓரளவு உதவும்.

ரூர்க்கியில் மத்திய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது, தரமணியில் கட்டமைப்புப் பொறியியல் ஆராய்ச்சி மையம் இருக்கிறது. 2015, 2023 என்று வெள்ளம் பார்த்த ஊருக்கு, சென்னைச் செங்கல்லும் சென்னைக் காற்றும் சேர்ந்தால் சுவர் எத்தனை நாளில் உலரும் என்று அளந்து, மேஸ்திரிகள் படிக்கும் தமிழில் சிறு கையேடு போட அரசு நிதி ஒதுக்கலாம். நிவாரணத் தொகையோடு ஒப்பிட்டால் அது சில்லறைக் காசு.

வாசகருக்கு: பொரிந்த பூச்சை, ஓதம் ஏறிய கோட்டுக்கு ஒன்றிரண்டு அடி மேல் வரை செங்கல் தெரியக் கொத்தி எடுத்துவிடுங்கள். காண்ட்ராக்டருக்குப் பணத்தில் ஒரு பகுதியை நிறுத்தி வைத்து, ஒரு மாத இடைவெளியில் எடுத்த இரண்டு அளவீடுகளும் உலர்ந்ததாகக் காட்டிய பிறகே பூச்சுக்கும் பெயின்ட்டுக்கும் கொடுங்கள். அதுவரை செங்கல்லில் பூக்கும் உப்பைத் தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டாம். கரைந்து மறுபடி உள்ளே போய்விடும். உலர்ந்த பிரஷ்ஷால் தட்டி, அள்ளி வெளியே கொட்டுங்கள்.