நீராவி ரயிலுக்கு மூன்று மணி நேரம், அவளுக்கு அரை நிமிடம்

இங்கிலாந்தில் இருக்கும் அக்கா மகள், குழந்தைகள் மருத்துவமனை ஒன்றுக்கு நிதி திரட்ட விமானத்திலிருந்து குதிக்கப் போகிறாள். 10,000 அடி உயரம். எங்கள் தொட்டபெட்டாவே 8,652 அடிதான். குன்னூர் வீட்டில் அம்மாவிடம் சொன்னதும், "அங்கேருந்து விழுந்தா என்னடா மிஞ்சும்?" என்றார்.

நியாயமான கேள்வி. பாராசூட் குடை விரிவதற்கு முன் அவள் 5,000 அடி சும்மா விழுவாள். காற்றே இல்லாவிட்டால் அதற்குள் வேகம் மணிக்கு 600 கிலோமீட்டரைத் தாண்டிவிடும். நல்லவேளை, காற்று இருக்கிறது. வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்காகும். பத்துப் பன்னிரண்டு விநாடியில் அந்த எதிர்ப்பு உடல் எடைக்குச் சமமாகிவிடும். அப்புறம் எவ்வளவு நேரம் விழுந்தாலும் வேகம் ஏறாது. குப்புறப் படுத்த வாக்கில் விழுந்தால் அது மணிக்குச் சுமார் 200 கிலோமீட்டர். மேட்டுப்பாளையத்திலிருந்து நீராவி ரயில் மூன்று மணி நேரத்துக்கு மேல் மூச்சு வாங்கிக் குன்னூர் வருகிறதே, ஏறக்குறைய அந்த உயரத்தை அவள் அரை நிமிடத்தில் கடந்துவிடுவாள்.

அவள் தனியாகக் குதிக்கவில்லை. பயிற்சியாளரின் உடலோடு பட்டை போட்டு இணைத்திருப்பார்கள். டேன்டம் என்பது இதைத்தான். இதில் ஒரு சிக்கல் உண்டு. எடை இரண்டு பேருடையது, ஆனால் ஒருவர்மேல் ஒருவர் படுத்திருப்பதால் காற்றில் மோதும் பரப்பு கிட்டத்தட்ட ஒருவருடையதுதான். அப்படியே விட்டால் வேகம் 280 வரை போகும். அதனால் குதித்த சில விநாடிகளிலேயே பயிற்சியாளர் ஒரு குட்டிப் பாராசூட்டை வீசிவிடுவார். அது பின்னாலிருந்து இழுத்து வேகத்தை மீண்டும் 200-க்குக் கொண்டுவந்துவிடும்.

பெரிய குடை படீரென்று விரிந்தாலும் ஆபத்துதான், உடம்பு தாங்காது. அதற்காகக் கயிறுகளைச் சேர்த்துப் பிடித்தபடி ஒரு சதுரத் துணி இருக்கும். காற்று அதை மேல்நோக்கித் தள்ளிக்கொண்டே இருக்க, விரியும் குடையோ கயிறுகளை அகட்டி அதைக் கீழே இறக்கும். இந்த இழுபறியில் சில விநாடிகள் போய்விடும். உயிரைக் காப்பது அந்தத் தாமதம்தான். இவ்வளவு எளிமையான துணித்துண்டு செய்யும் வேலையை நினைத்தால் எனக்கு இன்னமும் வியப்பாக இருக்கிறது.

சரி, காயம் எங்கே வருகிறது? பெரும்பாலும் கடைசிச் சில அடிகளில். ஸ்காட்லாந்தின் டேசைட் பகுதியில் ஐந்தாண்டுப் பாராசூட் காயங்களைக் கணக்கெடுத்து 1999-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். அடிபட்டவர்களில் 94 சதவீதம் பேர் நன்கொடைக்காக முதல்முறை குதித்தவர்கள். அப்படித் திரட்டிய ஒவ்வொரு பவுண்டுக்கும் அரசு மருத்துவச் சேவைக்கு 13.75 பவுண்டு செலவானதாம்! மருத்துவமனைக்கு உதவப் போய் மருத்துவமனைக்கே செலவு வைத்த கதை. இதைப் படித்த பிறகுதான், அவள் டேன்டத்தில் குதிப்பது எனக்கு நிம்மதியாக இருந்தது.

ஏனென்றால் தரையிறங்குவது ஒரு கைப்பழக்கம். இப்போதைய குடை வெறும் குடையல்ல, காற்றடைத்த இறக்கை. முன்னோக்கி வழுக்கிக்கொண்டே இறங்கும். தரையை நெருங்கியதும் இரு கைப்பிடிகளையும் ஒருசேர இழுத்தால் இறக்கையின் பின்விளிம்பு மடங்கி, முன்னோக்கிய வேகம் ஒரு கணம் தூக்குவிசையாக மாறும். சீக்கிரம் இழுத்தால் உயரத்திலேயே தொங்கிப்போய் விழ நேரும், தாமதித்தால் தரை முந்திக்கொள்ளும். ஊட்டி உயரத்தில் காற்றின் அடர்த்தி ஐந்தில் ஒரு பங்கு குறைவு என்பதால் அதே குடை பத்து சதவீதத்துக்கும் மேல் வேகமாக இறங்கும். அதுவும் தேயிலைச் சரிவில்! அவள் நம் ஊரில் குதிக்காதது நல்லது.

டேன்டத்தில் கைப்பிடியை இழுப்பது பயிற்சியாளரின் பொறுப்பு. கூட வருபவர் கால்களை முன்னால் தூக்கிக்கொண்டால் போதும், தரை முதலில் அவர் காலில் இடறாது.

எல்லாவற்றையும் கேட்ட அம்மா, அரிசி டப்பாவிலிருந்து 500 ரூபாயை எடுத்து என்னிடம் நீட்டினார். "இதையும் சேர்த்து அனுப்பிடு. எறங்கும்போது காலைத் தூக்கிக்கச் சொல்லு. போன வாரம் மாடிப்படியிலேயே வழுக்குனவ அவ."