ஹீட் சிங்க்: விழுங்கியா, ஆற்றியா?

எலக்ட்ரானிக் பாகத்தில் உண்டாகும் சூட்டை வாங்கிக் காற்றுக்குக் கொடுக்கிற உலோக அமைப்புதான் ஹீட் சிங்க். பெரும்பாலும் அலுமினியம், வேலை கடுமையான இடங்களில் தாமிரம். சேலத்தில் இந்தச் சொல்லைக் கம்ப்யூட்டர்காரர்களுக்கு முன்பே மைக் செட்காரர்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். ஆடி மாதம் கோட்டை மாரியம்மன் பண்டிகைக்கு விடிய விடியப் பாட்டுப் போடும் ஆம்ப்ளிஃபயரின் முதுகில் வரிவரியாக நிற்கும் கறுப்பு அலுமினியம் இருக்கிறதே, அதுதான். 3055 என்ற எண் போட்ட டிரான்சிஸ்டருக்கு அடியில் மின்சாரம் கடத்தாத மைக்கா தகடு வைத்து, வெள்ளைப் பேஸ்ட் தடவி, அதன்மேல் ஸ்க்ரூ போட்டு இறுக்குவார்கள். இப்போது அதே சொல், லட்சக்கணக்கில் விலை சொல்லும் கிராபிக்ஸ் கார்டுக்கு, அதாவது கம்ப்யூட்டரில் கேம் படங்களை வரைந்து காட்டும் பலகைக்கு, ஆசைப்படும் காலேஜ் பையன்கள் வாயில் புழங்குகிறது.

அம்மாப்பேட்டைப் பக்கம் விசைத்தறி ஓடும் தெருக்களில் இருந்து கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு சர்வீஸ் கடைக்குப் போனால், “சிங்க்கு அடைச்சிருக்குங்கண்ணா, பூரா பஞ்சு” என்பார்கள். விசிறி இழுத்துக்கொண்ட பஞ்சுத் தூசி தகடுகளின் இடுக்கில் படிந்து கெட்டியாகியிருக்கும். புதிதாகக் கேட்பவருக்குச் சமையலறைத் தொட்டிதான் ஞாபகம் வரும். வருவதில் தப்பும் இல்லை. இரண்டும் ஒரே சொல்தான்.

ஆங்கிலத்தில் ‘சிங்க்’ முதலில் வினைச்சொல். மூழ்கு, கீழே இறங்கு என்று பொருள். பெயர்ச்சொல் ஆனபோது கழிவுநீர் போய்ச் சேரும் குழியைக் குறித்தது, அப்புறம்தான் பாத்திரம் கழுவும் தொட்டிக்கு வந்தது. இயற்பியல்காரர்கள் அந்தக் குழியை எடுத்துக்கொண்டார்கள். எது வந்தாலும் ஏற்றுக்கொள்ளும், தான் மாறாது என்ற பொருளில். வெப்ப இயந்திரத்துக்கு இந்தக் கணக்கைப் போட்டவர் பிரெஞ்சுக்காரர் சாடி கார்னோ. 1824இல் வெளியிட்ட நூலில், சூடான பொருளுக்கு அவர் வைத்த பெயர் அடுப்பு, குளிர்ந்த பொருளுக்குக் குளிர்விப்பது. பின்னால் ஆங்கிலத்தில் இந்த இரண்டாவதுதான் ‘சிங்க்’ ஆனது. நம் பள்ளி இயற்பியலில் இந்த ஜோடி வெப்ப மூலம், வெப்ப ஏற்பி என்று இருக்கிறது. நல்ல சொற்கள். வெப்ப ஏற்பி என்றால் கடல், வானம், பெரிய காற்றுமண்டலம். எவ்வளவு சூட்டைக் கொட்டினாலும் அதன் வெப்பநிலை ஏறாது என்பது கணக்குக்காக நாம் வைத்துக்கொள்ளும் அனுமானம்.

டிரான்சிஸ்டர் காலத்தில் எலக்ட்ரானிக்ஸ்காரர்கள் அதே பெயரை அலுமினியக் கட்டிக்கு வைத்தார்கள். குழப்பம் இங்கேதான். அந்தக் கட்டி எதையும் விழுங்கி வைத்துக்கொள்வதில்லை. விசிறியை நிறுத்திவிட்டு கேம் ஓட விட்டால் கொஞ்ச நேரத்தில் கட்டியும் கொதிக்கும், சிப்பும் கொதிக்கும். உண்மையான ‘சிங்க்’ உங்கள் அறையில் இருக்கும் காற்று. உலோகம் அதற்குச் சூட்டைக் கைமாற்றி விடுகிற இடைத்தரகர், அவ்வளவுதான்.

தமிழில் எழுதுகிறவர்கள் இதை ‘வெப்ப உறிஞ்சி’, ‘வெப்ப மடு’, ‘வெப்பத் தணிப்பி’ என்றெல்லாம் எழுதிப் பார்க்கிறார்கள். உறிஞ்சி என்றால் வாங்கிக்கொள்கிற பாதி வேலைதான் தெரிகிறது, கொடுக்கிற பாதி தெரியவில்லை. மடு நல்ல பழைய சொல். காவிரியில் குளிக்கப் போகிறவர்களை ‘அங்கே மடு இருக்கு, போகாதே’ என்று தடுப்பார்கள். ஆனால் உள்ளே போனது வெளியே வராது என்பதுதான் மடுவின் குணம், ஹீட் சிங்க்கின் வேலையோ நேர் எதிர். தணிப்பி பரவாயில்லை. ஆனால் எப்படித் தணிக்கிறது என்பதை அது சொல்வதில்லை. காய்ச்சல் மாத்திரையும்தான் தணிக்கிறது.

எனக்குப் பிடித்த சொல் நம் டீக்கடையிலேயே இருக்கிறது: ஆற்றுதல். ஆறு என்றால் தானாகச் சூடு குறைவது. சோறு ஆறுகிறது, புண் ஆறுகிறது, ‘ஆறுவது சினம்’ என்று ஔவையார் சொன்ன கோபமும் ஆறுகிறது. இதன் பிறவினை ஆற்று. மாறு, மாற்று, ஏறு, ஏற்று, தேறு, தேற்று என்கிற அதே வரிசை. ஆறுதல் சொல்வதும் இந்த வேரில் இருந்து வந்ததுதான். புது பஸ் ஸ்டாண்டில் டீ மாஸ்டர் ஒரு கையைத் தூக்கி ஆற்றும்போது என்ன நடக்கிறது? டீ நீண்ட மெல்லிய தாரையாக விரிகிறது. பரப்பு கூடுகிறது, காற்று படுகிறது, சூடு போகிறது. ஹீட் சிங்க் செய்வது அச்சாக இதைத்தான். சின்னச் சிப்பின் சூட்டைப் பெரிய பரப்பில் விரித்துக் காற்றில் காட்டுகிறது.

அப்படியானால் ‘வெப்பம் ஆற்றி’ என்று வைக்கலாமே என்றால், சேர்த்து எழுதினதும் ‘வெப்பமாற்றி’ ஆகிவிடும். அதை எல்லோரும் வெப்ப மாற்றி என்றுதான் பிரித்துப் படிப்பார்கள், அது ஹீட் எக்ஸ்சேஞ்சர் என்ற வேறு கருவிக்கான பெயர். அதனால் சூடாற்றி. ‘சூட்டாற்றி’ என்று இரட்டிக்க வேண்டாமா என்று இலக்கணம் தெரிந்தவர்கள் கேட்கலாம். நாட்டை ஆள்வதை நாடாளுதல் என்கிறோமே, அந்த வழிதான் இதுவும். பேச்சில் ‘சூடாத்தி’ ஆகும். ஆகட்டும், கடைக்காரர் வாயில் நுழையாத சொல் எத்தனை இலக்கணச் சுத்தமாக இருந்து என்ன பயன்?

இந்தச் சொல்லை வைத்துக்கொண்டு இன்றைய பெரிய கார்டு ஒன்றைப் பார்ப்போம். 2025 ஜனவரியில் வந்த என்விடியா ஆர்டிஎக்ஸ் 5090இன் மின் அளவு 575 வாட். நடுவில் இருக்கும் சிப் 750 சதுர மி.மீ., அதாவது சதுரமாக நினைத்துக்கொண்டால் பக்கம் 28 மி.மீ.கூட வராது. மின்சாரமாக உள்ளே போவது ஏறக்குறைய முழுவதும் சூடாகத்தான் வெளியே வரும், அதில் பெரும்பகுதி அந்தச் சின்ன இடத்தில். சிப் 90 டிகிரியைத் தாண்டவும் கூடாது. இதற்கு முந்தைய 4090 450 வாட்டுக்கே மூன்று ஸ்லாட் (கம்ப்யூட்டருக்குள் கார்டு செருகும் இடம்) தடிமன் எடுத்துக்கொண்டது. 5090இல் என்விடியா தானே செய்து விற்கும் மாடல் இரண்டு ஸ்லாட்தான்.

சூடு கூடியிருக்கிறது, உடம்பு இளைத்திருக்கிறது. எப்படி? சர்க்யூட் போர்டைச் சுருக்கி நடுவில் ஒதுக்கிவிட்டார்கள். இரண்டு விசிறிகளுக்கும் பின்னால் போர்டு இல்லை, தகடுகள் மட்டும். ஒரு பக்கம் நுழைந்த காற்று எதிலும் முட்டாமல் மறுபக்கம் வெளியேறிவிடுகிறது. பழைய கார்டுகளில் காற்று போர்டில் மோதி, பக்கவாட்டில் திரும்பி, வழி தேடி வெளியேறும். 2020இல் வந்த 3080இல் ஒரு விசிறிக்கு மட்டும் இந்த வழியைத் திறந்திருந்தார்கள், 5090இல் இரண்டுக்கும். உலோகத்தைக் கூட்டியதைவிடக் காற்றுக்கு வழிவிட்டதில்தான் கெட்டிக்காரத்தனம் இருக்கிறது. இதை ‘உறிஞ்சி’ என்ற சொல்லை வைத்துக்கொண்டு யாருக்காவது விளக்கிப் பாருங்கள்.

உலோகம் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் இது சேலம். வெப்பத்தைக் கடத்துவதில் முதலிடம் வெள்ளிக்கு. மீட்டருக்கு ஒரு டிகிரி வித்தியாசத்தில் சுமார் 429 வாட். தாமிரம் 400 சொச்சம், அலுமினியம் 237. செவ்வாய்ப்பேட்டைக் கொலுசுப் பட்டறைகளில் புரளுகிற உலோகம்தான் இந்த வேலைக்கு முதல் தரம், விலைதான் இடிக்கிறது. கஞ்சமலை அடிவாரத்து உருக்காலையில் ஓடுகிற ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வெறும் 16 பக்கம், ஹீட் சிங்க்குக்கு ஆகவே ஆகாது. அதற்குப்போய் நாம் எவர்சில்வர் என்று பேர் வைத்திருக்கிறோம்.

தாமிரத்தாலும் முடியாத இடத்தில் வருவதுதான் வேப்பர் சேம்பர். தமிழில் ஆவியறை என்று சொல்லிவிடலாம், இதில் சிக்கல் ஒன்றும் இல்லை. தட்டையான தாமிரப் பெட்டி, உள்ளே காற்றை எடுத்துவிட்டுத் துளி நீர் விட்டு மூடியிருப்பார்கள். அழுத்தம் குறைந்தால் நீர் சீக்கிரம் கொதிக்கும். ஏற்காட்டில் வீடு வைத்திருப்பவர்களுக்கு இது சமையலறைப் பாடம். 1,500 மீட்டர் உயரத்தில் நீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும், குக்கர் இல்லாமல் பருப்பு வேக நேரமாகும். ஆவியறைக்குள் அழுத்தம் அதைவிடப் பல மடங்கு குறைவு. 40, 50 டிகிரியிலேயே நீர் ஆவியாகத் தொடங்கிவிடும். சிப்புக்கு மேல் ஆவியாகி, குளிர்ந்த பக்கம் போய் நீராகி, உள்சுவரில் ஒட்டியிருக்கும் தாமிரத்தூள் படலம் வழியாக ஊறித் திரும்பும். ஒரு கிராம் நீர் ஆவியாக 2,260 ஜூல் எடுத்துக்கொள்கிறது என்பதால், வினாடிக்குக் கால் கிராம் ஆவியானாலே 575 வாட்டும் கணக்குத் தீர்ந்துவிடும்.

இதே தத்துவத்தில் குழாய் வடிவில் இருப்பது ஹீட் பைப். ஜெனரல் மோட்டார்ஸின் ரிச்சர்ட் காக்லர் 1944இல் இந்த வகைக் கருவிக்குக் காப்புரிமை பெற்றார். ஆனால் உலகம் கவனித்தது 1963இல் லாஸ் அலமோஸ் ஆய்வகத்தில் ஜார்ஜ் குரோவர் தனியாக அதைக் கண்டுபிடித்துப் பெயர் வைத்த பிறகுதான். அவர் நினைவில் இருந்தது விண்வெளி அணு உலை.

அந்தத் துளி நீருக்கு எவ்வளவு மதிப்பு என்பதை 2022 டிசம்பரில் வந்த ஏஎம்டி ரேடியான் 7900 எக்ஸ்டிஎக்ஸ் காட்டியது. சில கார்டுகளில் சிப்பின் சூடான புள்ளி 110 டிகிரியைத் தொட்டு வேகம் குறைந்தது. குறிப்பிட்ட ஒரு தொகுதியின் ஆவியறைகளில் நீர் போதுமான அளவு இல்லை என்று அடுத்த மாதமே நிறுவனம் ஒப்புக்கொண்டது. தகடும் விசிறியும் எல்லாம் சரியாகவே இருந்தன.

சிப்புக்கும் தாமிரத்துக்கும் நடுவே தடவும் பேஸ்ட்டைக் களிம்பு என்று சொல்லத்தான் எனக்கு ஆசை. ஆனால் ஒரு வேடிக்கை உண்டு. தமிழில் களிம்பு என்பதற்குச் செம்பில் ஏறும் பச்சை என்றும் பொருள். ஆன்மாவை ஒட்டிய மலத்துக்கு, அதாவது அழுக்குக்கு, சைவ சித்தாந்தம் சொல்லும் உவமையே செம்பும் களிம்பும்தான். அங்கே நீக்க வேண்டியதை இங்கே காசு கொடுத்துத் தடவுகிறோம். என்விடியா தானே செய்யும் 5090இல் அதுவும் இல்லை, திரவ உலோகம்.

எல்லாம் முடிந்து கடைசியில் வந்து நிற்பது காற்று. சேலத்தில் சித்திரை, வைகாசியில் பகல் வெப்பம் 38 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம். சூடாற்றியால் சிப்பை அறைக் காற்றைவிடக் குளிராக்கவே முடியாது, அறையோடு உள்ள வித்தியாசத்தைத்தான் குறைக்க முடியும். கதவைச் சாத்திக்கொண்டு விளையாடினால் 575 வாட்டும் அதே அறையில் சேரும். ஏற்காட்டுக்குக் கொண்டுபோனால்? காற்றழுத்தம் சேலத்தைவிட 14 சதவீதம் போலக் குறைவு, அதே விசிறி அதே வேகத்தில் சுற்றினாலும் தள்ளுகிற காற்றின் எடை குறையும். ஆனாலும் அறை பத்துப் பன்னிரண்டு டிகிரி குளிர்ச்சி என்பதால் கூட்டிக் கழித்தால் மலைக்கே லாபம்.

வாட்டர் கூலிங் போட்டவர்கள் தங்களுக்கு ஹீட் சிங்க்கே கிடையாது என்பார்கள். நீர் சூட்டைச் சுமந்துகொண்டு போய்ச் சேருகிற ரேடியேட்டரை அவர்கள் கணக்கில் எடுப்பதில்லை. கதிர்வீசி என்று பொருள்படும் அந்தப் பெயரும் பொருத்தமில்லாததுதான், ஏனென்றால் கதிர்வீச்சாகப் போகிற சூடு அதில் கொஞ்சம்தான். மீதியெல்லாம் தகடுகளுக்கு இடையே விசிறி தள்ளும் காற்றோடு போகிறது. அதையும் சூடாற்றி என்றே சொல்லலாம்.