கடை ஷோகேஸில் இருந்த லெகோ: வாங்கியபின் நாம் செய்யும் கேடுகள்

லெகோ என்பது ஒன்றோடொன்று பொருத்திக் கட்டும் பிளாஸ்டிக் பொம்மைக் கட்டைகள். பொம்மைக் கடைகளின் ஷோகேஸில் வைத்திருந்த லெகோ மாதிரிகளைத் தேடித் தேடிச் சேர்ப்பவர்கள் ஐரோப்பாவில் நிறையப் பேர் இருக்கிறார்கள். பெட்டியில் அடைத்து விற்கும் செட்டுகளை இவர்கள் தேடுவதில்லை. "இதை வாங்கினால் இப்படிக் கட்டலாம்" என்று பிள்ளைகளுக்குக் காட்டுவதற்காகவே கட்டி முடித்துக் கடைக்கு வந்த வீடு, பெட்ரோல் பங்க், கப்பல், விமானம் இவைதான் அவர்களுக்கு வேண்டும். கடை மூடும்போதும், பழைய முதலாளியின் பரணைப் பிள்ளைகள் காலி செய்யும்போதும் இவை வெளியே வருகின்றன. 2018இல் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் டாய்ஸ் ஆர் அஸ் என்ற பெரிய பொம்மைக் கடைகள் இழுத்து மூடப்பட்ட பிறகு, இப்படிப்பட்ட கடைச் சாமான்கள்மேல் பலருக்கும் ஆசை கூடிவிட்டது.

பிளாஸ்டிக்கால் ஆன பழம்பொருள்களைப் பராமரித்துக் கொடுப்பது என் தொழில். அருங்காட்சியகத்திலிருந்தும் வரும், தனியாரிடமிருந்தும் வரும். என் மேசைக்கு வந்த காட்சி மாதிரிகளை வைத்து ஒன்றை உறுதியாகச் சொல்வேன். கடையில் இருபது முப்பது வருடம் வெயிலும் விளக்கும் பட்டு வந்த கேட்டை ஓரளவு தாங்கிக்கொள்ளலாம். ஆசையாக வாங்கிப் போனவர் வீட்டில் ஒரே வாரத்தில் வந்த கேட்டைத்தான் தாங்க முடிவதில்லை. எல்லாம் தெரியாமல் நடப்பவை. தெரிந்திருந்தால் தவிர்த்திருக்கலாம் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில், கையில் இருப்பது எந்தக் காலத்துப் பொருள் என்று தெரிய வேண்டும். லெகோவின் ஊர் டென்மார்க்கிலுள்ள பில்லுண்ட். ஓலே கிர்க் கிறிஸ்டியன்சன் என்ற தச்சர் 1932இல் அங்கே பொம்மை செய்யத் தொடங்கினார். மேலே குமிழும் உள்ளே குழாயுமாக இன்று நாம் பார்க்கும் கட்டைக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தது 1958 ஜனவரி 28இல். அந்தக் காலக் கட்டைகள் செல்லுலோஸ் அசிடேட் என்ற பிளாஸ்டிக்கால் ஆனவை. 1963 முதல் படிப்படியாக ஏ.பி.எஸ். பிளாஸ்டிக்குக்கு மாறினார்கள். இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோலத் தெரியும். ஆனால் பராமரிப்பில் ஒன்றுக்கு நல்லது மற்றதற்கு ஆகாது. இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பீர்கள் என்றால் இதை வையுங்கள்.

பழைய காட்சி மாதிரிகளைக் கையால் கட்டி, பசையிட்டு, பலகையில் பொருத்திக் கடைக்கு அனுப்புவார்கள். பிற்காலத்தில் வந்தவை பெரும்பாலும் கண்ணாடிபோல் தெரியும் அக்ரிலிக் பிளாஸ்டிக் பெட்டிக்குள், எல்.இ.டி. விளக்கோடு இருக்கும். இன்னொரு வகை, வாசலில் நிற்கும் ஆள் உயர உருவங்கள். அவற்றுக்குள் இரும்புச் சட்டம் இருக்கும். தூக்குவதற்கே நாலு பேர் வேண்டும், வீட்டுக்காரர்களுக்கு நான் பரிந்துரைப்பதில்லை.

சரி, மஞ்சள் நிறத்துக்கு வருவோம். என்னிடம் வருபவர்களின் முதல் கேள்வி அதுதான்.

ஏ.பி.எஸ். பிளாஸ்டிக்கில் அக்ரிலோநைட்ரில், பியூட்டடையீன், ஸ்டைரீன் என்ற மூன்று பொருள்கள் சேர்ந்திருக்கின்றன. இதில் பியூட்டடையீன்தான் ரப்பர்போல இருந்து கட்டைக்கு உறுதி கொடுக்கிறது. ஒளியும் வெப்பமும் பட்டால் முதலில் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து கெடுவதும் அதுவே. வெள்ளைக் கட்டை பழுப்பேறும், சாம்பல் நிறம் அழுக்கு மஞ்சளாகும், நீலம் பச்சைப் பக்கம் சாயும். இந்த மாற்றம் பெரும்பாலும் மேற்பரப்பின் மெல்லிய அடுக்கோடு நிற்கிறது. பசையில்லாத ஒரு கட்டையைக் கழற்றி, இன்னொரு கட்டை மூடியிருந்த இடத்தைப் பாருங்கள், பழைய வெள்ளை அப்படியே இருக்கும்.

ஒருவர் கொண்டு வந்த வீட்டு மாதிரி ஒன்றைச் சொல்கிறேன். வெள்ளைச் சுவர், சிவப்புக் கூரை, கீழே ஹார்ட்போர்டு பலகை. கடையில் ஜன்னல் பக்கம் பார்த்திருந்த சுவர் தேன் நிறத்துக்கு வந்திருந்தது, எதிர்ச்சுவர் வெள்ளையாகவே இருந்தது. வாசலை ஒட்டி, சுவரின் கீழ்வரிசைகளில் ஒரு சிறு செவ்வகம் மட்டும் மஞ்சளாகாமல் இருந்திருக்கிறது. விலைச்சீட்டை அங்கேதான் சாத்தி வைத்திருந்தார்கள். வெயில் அந்தச் சீட்டைச் சுற்றித்தான் பட்டிருக்கிறது. அந்த வீடு உண்மையிலேயே ஒரு கடை ஜன்னலில் நின்றது என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டியதில்லை. என் கைக்கு வந்தபோது அந்தச் செவ்வகம் இல்லை. அவர் வாங்கியபோது எடுத்த போட்டோவில்தான் அதைப் பார்த்தேன். மஞ்சளை வெளுக்க ஹைட்ரஜன் பெராக்சைடு கிரீமைத் தடவி, பிளாஸ்டிக் தாள் சுற்றி, மொட்டைமாடி வெயிலில் வைத்திருக்கிறார். கிரீம் காய்ந்த இடத்தில் வெள்ளை வெள்ளையாகத் திட்டு. திரவம் கட்டைகளின் உள்ளே போய்த் தேங்கி, ஹார்ட்போர்டு ஊறி உப்பியிருந்தது.

பெராக்சைடு நிறத்தை வெளுக்கிறது என்பது உண்மை. ஆனால் கெட்டுப்போன பியூட்டடையீனை அது பழைய நிலைக்குக் கொண்டுவராது. மஞ்சள் மறைந்தாலும் மேற்பரப்பு பலவீனமாகத்தான் இருக்கும், கொஞ்ச காலத்தில் மஞ்சள் திரும்பவும் வரலாம். தனிக் கட்டைகளில் செய்து பார்ப்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. பசையிட்ட காட்சி மாதிரியில் மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள். உள்ளே போன திரவத்தை வெளியே எடுக்க வழியே இல்லை. அந்தப் பொருள் கடையில் இருந்த கதையையும் அது அழித்துவிடுகிறது.

மஞ்சள் மேலும் ஏறாமல் காப்பதுதான் நம்மால் முடிந்த நல்ல காரியம். ஒளிக்கு எளிதில் கெடும் பொருள்களை அருங்காட்சியகங்களில் 50 லக்ஸ் வெளிச்சத்தில் வைப்பார்கள் (லக்ஸ் என்பது வெளிச்சத்தை அளக்கும் அலகு). உச்சி வெயில் நேராகப் பட்டால் ஏறத்தாழ ஒரு லட்சம் லக்ஸ். ஒரு மணி நேர நேர்வெயில் கொடுக்கும் ஒளியளவை அந்த அருங்காட்சியக வெளிச்சம் கொடுக்க 2,000 மணி நேரம் ஆகும். ஜன்னல் கண்ணாடி காப்பாற்றும் என்று நம்ப வேண்டாம், புற ஊதாக் கதிரில் பெரும்பங்கு சாதாரணக் கண்ணாடியைத் தாண்டி வரும். ஜன்னலைப் பார்க்காத சுவரில் வையுங்கள். விளக்கைப் பார்க்கும்போது மட்டும் போடுங்கள். ஹாலோஜன் விளக்கு வேண்டவே வேண்டாம்.

அடுத்தது 1963க்கு முந்தைய மாதிரிகள். இதில்தான் என் கவலை அதிகம், ஏனென்றால் அக்கறையாகப் பாதுகாப்பவர்களே அதிகம் கெடுக்கிறார்கள். அரிய பொருள், தூசி படக்கூடாது என்று காற்றுப் புகாத அக்ரிலிக் பெட்டி செய்து, ஓரமெல்லாம் சிலிக்கான் பூசி அடைத்துவிடுகிறார்கள். செல்லுலோஸ் அசிடேட்டுக்கு அது கொலைதான். இந்தப் பிளாஸ்டிக் ஈரத்தோடு சேர்ந்து மெல்லச் சிதையும்போது அசிட்டிக் அமிலம் வெளியேறுகிறது, அதாவது வினிகரின் அமிலம். வெளியேறிய அமிலமே சிதைவை மேலும் வேகப்படுத்தும். அடைத்த பெட்டிக்குள் அமிலம் போக வழியில்லாமல் பொருளைச் சுற்றியே நிற்கும். நீளமான கட்டைகள் முதலில் வில்லாக வளையும். அப்புறம் சுருங்கி, பக்கத்துக் கட்டையை இழுத்து, பசை ஒட்டிய இடத்தில் விரிசல் விடும். பக்கத்தில் இருக்கும் திருகும் ஆணியும்கூட அரித்துப்போகும்.

பெட்டியைத் திறந்ததும் வினிகர் வாடை வந்தால் அதுவே அறிகுறி. மூக்கை மட்டும் நம்ப வேண்டாம் என்பவர்கள் திரைப்படச் சுருள் காப்பகங்களில் பயன்படுத்தும் ஏ-டி தாள்பட்டைகளை வாங்கி உள்ளே வைக்கலாம். நீலமாக இருக்கும் பட்டை, அமிலம் கூடக் கூடப் பச்சையாகி, பின் மஞ்சளாகும். இப்படிப்பட்ட மாதிரியைக் காற்றோட்டம் உள்ள, குளிர்ந்த, ஈரம் குறைந்த இடத்தில், மற்றப் பொருள்களிலிருந்து தள்ளி வைக்க வேண்டும். கண்ணாடிப் பெட்டி வேண்டும் என்றால் அடியிலும் மேலும் துளை விட்டு, உள்ளே கரித்தூள் பை வைத்து, அதை அவ்வப்போது மாற்றுங்கள். வளைந்த கட்டையைச் சுடுநீரில் போட்டு நிமிர்த்தலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், நிமிராது, இன்னும் கெடும். எந்தப் பிளாஸ்டிக் என்று தெரிந்துகொள்ள நெருப்பில் காட்டிப் பார்ப்பதும் கூடாது. அகச்சிவப்புக் கருவி வைத்திருக்கும் ஆய்வகத்தில் ஒரு கீறலும் இல்லாமல் சொல்லிவிடுவார்கள்.

கழுவுவதில் நடக்கும் தவறுகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். தனிக் கட்டைகளை 40 டிகிரிக்கு மேற்படாத வெந்நீரில் கழுவச் சொல்கிறது லெகோ நிறுவனம். பசையிட்ட மாதிரிக்கு அந்த நீரும் வேண்டாம். மென்மையான தூரிகை, தாழ்வான வேகத்தில் வேக்குவம், கொஞ்சம் ஈரப் பஞ்சு போதும். கடைக்காரர் மார்க்கரில் எழுதிய எண்ணை அழிக்க நெயில்பாலிஷ் ரிமூவர் எடுக்கிறார்கள், அதிலுள்ள அசிட்டோன் ஏ.பி.எஸ்.ஐக் கரைத்துவிடும். மாதிரி கட்டுபவர்கள் ஒட்டுவதற்குப் பயன்படுத்துவதே அந்த வகைக் கரைப்பான்தான், அது இரு கட்டைகளின் மேற்பரப்பையும் கரைத்து ஒன்றாக்கிவிடும். அதனால்தான் பழைய ஒட்டைப் பிரிக்க முடியாது, பிரிக்கவும் முயல வேண்டாம். சூப்பர் குளூ போட்டால் அதன் ஆவி சுற்றிலும் வெள்ளைப் புகைபோலப் படியும். ஒரு துண்டு விழுந்துவிட்டால் ஒட்டாமல் சிறு பையில் போட்டு, எங்கிருந்து விழுந்தது என்று எழுதி வையுங்கள். அக்ரிலிக் பெட்டியைக் கண்ணாடி துடைக்கும் திரவத்தால் துடைக்காதீர்கள். அதிலுள்ள அம்மோனியாவும் ஆல்கஹாலும் மயிரிழை விரிசல்களை உண்டாக்கும். பழைய வாகன மாதிரிகளில் மென்மையான சக்கரமோ வயரோ கட்டைமேல் பட்டுக்கொண்டிருந்தால் நடுவே ஒரு பாலியெஸ்டர் தாள் வையுங்கள். மென்பிளாஸ்டிக்கிலிருந்து கசியும் எண்ணெய்ப் பொருள் ஏ.பி.எஸ்.ஐ இளக்கிப் பள்ளமாக்கும்.

விளக்கு எரியும் மாதிரி என்றால் வாங்கியவுடன் பிளக்கில் செருகிப் பார்க்கும் ஆசை எல்லாருக்கும் வரும். தயவுசெய்து வேண்டாம். பழைய வயரின் உறை காய்ந்து நொறுங்கும் நிலையில் இருக்கும், மின்பணியாளர் பார்த்த பிறகுதான் மின்சாரம். பேட்டரி அறையைத் திறந்து பார்த்து, உள்ளே கசிந்திருந்தால் கையுறையோடு எடுங்கள், அது தோலை அரிக்கும். 1980க்கு முந்தைய ட்யூப்லைட் பொருத்திய காட்சிப் பெட்டிகளில், சோக்கோடு சேர்ந்த கபாசிட்டருக்குள் பி.சி.பி. என்ற நச்சு எண்ணெய் இருக்கலாம். அதைப் பிரித்துக் குப்பையில் போடாமல், ஆபத்தான கழிவுகளை வாங்கும் நகராட்சி மையத்தில் கொடுக்க வேண்டும்.

"அண்ணை, பழசுதானே, பிள்ளைக்கு விளையாடக் குடுக்கலாமோ?" என்று நம்மூர்த் தகப்பன்மார் கேட்கிறார்கள். ஐரோப்பாவின் பழைய பொருள் சந்தைகளில் மலிவாகக் கிடைக்கும்போது வாங்கிவிடுகிறார்கள். வேண்டாம் தம்பி என்பதுதான் என் பதில். பிரிட்டனிலுள்ள பிளிமத் பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர் ஆண்ட்ரூ டர்னர் 2018இல் வெளியிட்ட ஆய்வில், பழைய பிளாஸ்டிக் பொம்மைகள் 200ஐ எக்ஸ்-கதிர் முறையில் சோதித்திருந்தார். 1970களையும் 80களின் தொடக்கத்தையும் சேர்ந்த சிவப்பு, மஞ்சள் லெகோ கட்டைகளில் காட்மியம் என்ற நச்சு உலோகம் இருந்தது அதில் தெரிந்தது. அந்தக் காலத்தில் காட்மியம் நிறமிகளைப் பல தொழிற்சாலைகளும் பயன்படுத்தின. நிறமி பிளாஸ்டிக்குள் கட்டுண்டு கிடப்பதால் அலமாரியில் இருப்பதைப் பார்ப்பதால் ஒன்றும் ஆகாது. வாயில் வைத்துக் கடிக்கும் வயதுப் பிள்ளையின் கையில் கொடுப்பதும், உப்புத்தாளால் தேய்ப்பதும், துளையிடுவதும், எரிப்பதும்தான் ஆபத்து. மஞ்சள் போகட்டும் என்று சுவரைத் தேய்த்து மாவாக்கியவர்களை நான் பார்த்திருக்கிறேன். அந்த மாவை அவர்களும் வீட்டிலுள்ளவர்களும் சுவாசித்திருப்பார்கள். பிள்ளைக்குப் புதுக் கட்டை வாங்கிக் கொடுங்கள்.

இனி வாங்குவது பற்றி. சாதாரண செட் ஒன்றைக் கட்டி, பசையிட்டு, "கடைக் காட்சி மாதிரி" என்று நல்ல விலைக்கு விற்பது கடினமான வேலை அல்ல. பலகையின் அடிப்பக்கப் படம் கேளுங்கள். கடைச் சீட்டு, எண், திருகு போட்ட துளை, பழைய வயர் தடம் இவற்றை நகலெடுப்பது எளிதல்ல. விளக்கைப் பக்கவாட்டில் பிடித்து எடுத்த படமும் வேண்டும், விரிசலும் வளைவும் அதில்தான் தெரியும். நாலு பக்கமும் ஒரே மாதிரி வெள்ளையாக மின்னும் அரை நூற்றாண்டுப் பழைய மாதிரியைவிட, ஒரு பக்கம் மட்டும் பழுத்ததை நான் நம்பி வாங்குவேன். அது கடைக்குச் சொந்தமாக இருந்ததா, நிறுவனம் இரவலாகக் கொடுத்து வைத்ததா, விற்பவர் கைக்கு எப்படி வந்தது என்பதையும் எழுத்தில் கேளுங்கள். எழுதித் தர மறுப்பவரிடம் வாங்காமல் வந்துவிடுவது நல்லது.

கொண்டுவரும்போது பபிள் ஷீட்டை நேராகச் சுற்ற வேண்டாம், நாள்பட்டால் அதன் குமிழித் தடம் மேற்பரப்பில் விழும். அமிலமில்லாத டிஷ்யூ தாளை முதலில் சுற்றி, அதற்கு மேல் பாலித்தீன் நுரைத் தாள் வையுங்கள். கூரையைப் பிடித்துத் தூக்காமல் பலகையோடு சேர்த்துத் தூக்குங்கள். கோடைக்காலமானால் வெயிலில் நிறுத்திய காரில் விட்டுவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள். வீட்டுக்கு வந்ததும், துடைப்பதற்கு முன்பே, நாலு பக்கமும் அடியும் தெரிய போட்டோ எடுத்து, தேதி போட்டு, வாங்கிய ரசீதோடு சேர்த்து வைத்துவிடுங்கள். என்னைப் போன்ற ஒருவரிடம் பின்னாளில் கொண்டு வந்தால் நாங்கள் முதலில் கேட்பது அந்தப் படங்களைத்தான்.