சுதந்திரம்: தன் பாவில் நெய்வது

சேலம் அம்மாபேட்டையில் ஒரு கல்யாண மண்டபம். தொண்டு நிறுவனம் ஒன்று நெசவாளர்களுக்கும் தெருக்கடைக்காரர்களுக்கும் இரண்டு நாள் பயிற்சி வைத்திருந்தது. ஆசிய நாடுகள் பலவற்றில் ஜனநாயகத்தையும் பொருளாதாரச் சுதந்திரத்தையும் வளர்ப்பது அவர்கள் வேலை. பேனரில் போட வேண்டிய தமிழ் வாசகத்தை என்னிடம் கேட்டிருந்தார்கள். 'பொருளாதார விடுதலை' என்று எழுதிக் கொடுத்தேன். எழுபதைத் தாண்டிய பெரியவர் ஒருவர், குழித்தறியில் ஐம்பது வருஷம் உட்கார்ந்தவர், வாசலில் நின்று அதை எழுத்துக் கூட்டிப் படித்தார். அப்புறம் என்னிடம் கேட்டார்: "விடுதலைன்னு போட்டிருக்குதுங்களே தம்பி, நாங்க என்ன ஜெயில்லயா இருக்கோம்? எங்களுக்கு வேணுங்கறது சுதந்தரமுங்க. அது வேற இல்லீங்களா?"

வேறுதான். எவ்வளவு வேறு என்று வீட்டுக்கு வந்து அகராதியைப் புரட்டிய பிறகுதான் முழுதாகப் புரிந்தது.

சுதந்திரம் வடமொழிச் சொல். ஸ்வ என்றால் தன். தந்திரம் சேர்ந்து ஸ்வதந்திரம். சிலர் இதை 'சு' என்று பிரித்து 'நல்ல தந்திரம்' என்று பொருள் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். அது தவறு. தமிழில் வகரம் தேய்ந்ததால் வந்த மயக்கம் அது. தந்திரம் என்றால் இன்று நமக்கு நினைவுக்கு வருவது நரியின் சூழ்ச்சி. ஆனால் அந்தச் சொல்லின் வேர் வடமொழியின் 'தன்' (நம் தமிழ்த் 'தன்' அல்ல), அதாவது நீட்டு, இழு, விரி. அந்த வேரிலிருந்து வந்த தந்திரத்துக்கு வடமொழி அகராதிகள் தரும் பழைய பொருள்களில் தறியும் உண்டு, பாவும் (நெசவில் நீளவாக்கில் ஓடும் நூல்) உண்டு. வீணையின் தந்தியும் அந்த வேரில் வந்ததுதான். கம்பி வழியாகச் செய்தி வந்ததால் அதையே தந்தி என்றோம். நீள இழுத்துக் கட்டிய பாவு, அதன்மேல் நெய்யப்படும் எல்லாவற்றுக்கும் அடிப்படை. அதனால் அந்தச் சொல் கட்டமைப்பு, ஒழுங்கு, ஆட்சிமுறை, நூல் என்று பொருள் விரிந்துகொண்டே போனது. தன் ஒழுங்கு தன் கையில் இருப்பவன் ஸ்வதந்திரன். பிறர் கையில் இருந்தால் பரதந்திரன். கூட்டுச்சொல் பிறந்தபோது யாரும் தறியை நினைத்திருக்க மாட்டார்கள். ஆனால் சேலத்துக்காரன் எவனும் இதைப் படித்துவிட்டுத் தறியை நினைக்காமல் இருக்க முடியாது.

எங்கள் ஊரில் பாவடி என்று இடங்களுக்குப் பெயர் உண்டு. நெசவாளர் குடியிருப்புக்கு நடுவே, பாவு நீட்டுவதற்காக விட்ட பொது இடம் அது. விடிவதற்கு முன்னால் கவைக்கோல்களை நட்டு, கஞ்சி போட்ட நூலைத் தெருநீளத்துக்கு இழுத்துக் கட்டி, இரண்டு பக்கமும் ஆட்கள் நின்று இழைகளைச் சீர்செய்வார்கள். வெயில் ஏறினால் இழை அறும், மழைத்துளி விழுந்தால் கஞ்சி போய்விடும். அந்தப் பாவு யாருடையது என்பதுதான் நெசவாளர் வீட்டில் எல்லாவற்றையும் முடிவு செய்யும். சொந்தமாக நூல் வாங்கிப் பாவு ஓட்டினால், என்ன நெய்வது, யாருக்கு விற்பது, என்ன விலை சொல்வது என்பதெல்லாம் நம் கையில். மாஸ்டர் வீவர் பாவும் ஊடையும் (குறுக்கு நூல்) கொடுத்து நெய்யச் சொன்னால், தறி நம் வீட்டில் இருந்தாலும் சேலை அவருடையது. நமக்குக் கூலி மட்டும்தான். அட்வான்ஸ் வேறு வாங்கியிருந்தால் அந்தப் பாவை விட்டு வேறு பாவுக்குப் போகவும் முடியாது. பெரியவர் கேட்ட சுதந்தரம் இதுதான் என்று நினைக்கிறேன். கட்டிப் போட்டவனிடமிருந்து அவிழ்ந்து வருவதை அவர் கேட்கவில்லை. தன் பாவைக் கேட்டார்.

அவர் வாயில் 'சுதந்தரம்' என்று வந்ததைப் பேச்சுக் கொச்சை என்று தள்ள முடியாது. தமிழில் அதுவும் பழைய வடிவம்தான். அந்த வடிவத்தோடு ஒரு பழைய பொருளும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. கும்பினியார் (கிழக்கிந்தியக் கம்பெனி) காலத்து வருவாய்த்துறை ஆவணங்களில் சுதந்திரம் என்ற சொல் அடிக்கடி வரும். அங்கே அதற்கு நாடு விடுதலை பெறுவது என்ற பொருளே இல்லை. அறுவடை முடிந்து களத்தில் நெல் குவிந்ததும், நிலத்தின் காணியாளருக்கும் கிராமத்துத் தொழிலாளிகளுக்கும் வழிவழியாகப் பிரித்துக் கொடுத்த பங்குக்கு அந்தப் பெயர். மேரை என்ற சொல்லும் அதை ஒட்டியதே. தச்சர், கொல்லர், வண்ணார், நாவிதர், நீர் பாய்ச்சுகிறவர் என்று ஒவ்வொருவருக்கும் குவியலில் உரிமை உண்டு. அது பிச்சையும் இல்லை, கூலியும் இல்லை; உரிமைப்பங்கு. அந்தப் பங்கு சாதியோடு கட்டப்பட்டிருந்தது, கடைசியில் நின்றவருக்குக் கடைசியில்தான் அளந்து போட்டார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆனாலும் இந்தச் சொல் தமிழ் மண்ணில் காலூன்றியது களத்து மேட்டில், நெல் அளக்கும் மரக்காலோடு.

இன்றும் வீட்டுப் பேச்சில் அந்தப் பொருள் சாகவில்லை. விருந்தாளியிடம் "சுதந்திரமா எடுத்துப் போட்டுச் சாப்பிடுங்க" என்கிறோம். "அவனுக்கு இந்த வீட்டுல என்ன சுதந்திரம்?" என்று சண்டையில் கேட்கிறோம். இரண்டிலும் பொருள் உரிமைதான். ஏற்காட்டில் ஞாயிற்றுக்கிழமை ஏதாவது ஒரு கிறிஸ்தவக் கோயிலில் பழைய தமிழ் வேதாகமத்தைப் படிக்கக் கேட்டால் இன்னும் தெளிவாகும். சாந்தகுணமுள்ளவர்கள் பூமியைச் சுதந்தரித்துக்கொள்வார்கள் என்று அதில் வரும். சுதந்தரித்தல் என்றால் அங்கே வாரிசாகப் பெறுதல். வாரிசுதான் சுதந்தரவாளி. பின்னால் வந்த புதிய மொழிபெயர்ப்பில் அதே இடம் 'உரிமைச் சொத்து' என்று மாறியிருக்கிறது. சுதந்திரத்துக்கு நல்ல தமிழ் எது என்ற கேள்விக்குப் பாதி பதிலை அந்த மொழிபெயர்ப்பாளர்களே கொடுத்துவிட்டார்கள்.

பொருளாதாரம் என்ற அடைமொழியோடு இந்தச் சொல்லை அரசியலுக்கு இழுத்து வந்தவருக்கும் சேலத்துக்கும் தொடர்பு உண்டு. ராஜாஜி சேலத்தில் வக்கீலாக இருந்தவர், 1917-ல் நகராட்சித் தலைவரானவர். 1925-ல் அன்றைய சேலம் மாவட்டத்தில் திருச்செங்கோடு பக்கம் புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் தொடங்கி, கதர் வேலை செய்தார். லாபம் பார்க்காத நிறுவனம் கிராமத்தில் என்ன செய்ய முடியும் என்பதற்கு நம் பக்கத்து முன்மாதிரி அது. 1959-ல், எண்பது வயதில், அவர் ஆரம்பித்த கட்சிக்கு இந்தச் சொல்லையே பெயராக வைத்தார். தமிழில் அது சுதந்திராக் கட்சி என்று வழங்கியது. எதற்கெடுத்தாலும் பெர்மிட், லைசென்ஸ், கோட்டா என்று அரசாங்கத்தின் கையை எதிர்பார்க்க வேண்டிய நிலையைத்தான் அவர் எதிர்த்தார். 1967 தேர்தலில் அந்தக் கட்சி மக்களவையில் 44 இடங்களைப் பிடித்தது. அதே ராஜாஜிதான் 1937-ல் மதுவிலக்கை முதன்முதலில் சேலம் மாவட்டத்தில் கொண்டுவந்தவர். ஒருவனுடைய சுதந்திரம் எங்கே முடிகிறது என்பதில் அவருக்கென்று ஒரு கணக்கு இருந்தது. அதில் எனக்கு முழு உடன்பாடு இல்லை. ஆனால் சொல்லைச் சரியான இடத்தில் வைத்தார் என்பதில் சந்தேகமே இல்லை.

லைசென்ஸ் காலம் எப்படி இருந்தது என்று சேர்வராயன் மலையில் காபி போட்டவர்களைக் கேட்டால் தெரியும். 1820-களில் கலெக்டர் காக்பர்ன் காலத்தில் அந்த மலைக்கு வந்த பயிர் அது. 1942-ல் வந்த காபிச் சட்டத்தின்படி, வீட்டுச் செலவுக்கும் விதைக்கும் போக மிச்சக் கொட்டையை எல்லாம் காபி வாரியத்தின் பொதுத் தொகுப்பில் ஒப்படைக்க வேண்டும். பணம் தவணை தவணையாக வரும். மரம் நம்முடையது, பறித்து உலர்த்தியது நாம், ஆனால் கொட்டையை நாமே ஒரு வியாபாரிக்கு விற்றால் குற்றம். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் ஏற்றுமதிச் சந்தை போய் விலை சரிந்தபோது அந்த ஏற்பாடு விவசாயிகளைக் காப்பாற்றியது, அதை மறுக்க முடியாது. காரணம் போன பிறகும் கட்டு அரை நூற்றாண்டு நின்றதுதான் பிரச்சினை. 1990-களில் படிப்படியாகத் தளர்த்தி, 1996-ல் எல்லா விவசாயிகளும் தங்கள் காபியைத் தாங்களே விற்கலாம் என்றானது. பொருளாதாரச் சுதந்திரம் என்றால் என்ன என்று யாராவது கேட்டால் நான் இனி இதைத்தான் சொல்வேன்.

மற்ற ஆசிய மொழிகளையும் கொஞ்சம் பார்க்கலாம். இந்தியில் ஜனநாயகத்துக்கு லோக்தந்த்ர என்று பெயர். ஸ்வதந்த்ரவில் உள்ள அதே தந்திரம்தான் இதிலும். ஒன்று தன் பாவு, மற்றது ஊர்ப்பாவு. நேபாளத்தில் முன்பு பிரஜாதந்த்ர என்றார்கள். 2006-ல் மன்னராட்சிக்கு எதிராக மக்கள் எழுந்தபோது, பிரஜை என்றால் ராஜாவுக்குக் கீழ்ப்பட்டவன் அல்லவா என்று அந்தச் சொல்லை விட்டுவிட்டு லோக்தந்த்ரவைப் பிடித்துக்கொண்டார்கள். ஒரு சொல்லின் உள்ளே என்ன இருக்கிறது என்று ஒரு நாடே யோசித்த தருணம் அது. இந்தோனேசியாவிலும் மலேசியாவிலும் சுதந்திரம் மெர்தேக்கா. அதன் மூலம் வடமொழி மஹர்த்திக, அதாவது வளம் மிக்கவன். டச்சுக்காரர் காலத்தில் விடுவிக்கப்பட்ட அடிமைகளுக்கு அந்தப் பெயரின் ஒரு வடிவம் வழங்கியது. வளமும் விடுதலையும் ஒரே சொல்லில்! ஜப்பானியரின் ஜியூ என்பதைப் பிரித்தால் 'தன்னிலிருந்து' என்று வரும். நம் ஸ்வவுக்கு அது பக்கத்து வீடு.

இந்தச் சொற்களை வேலையாக மாற்றுகிறவைதான் தொண்டு நிறுவனங்கள். பிலிப்பைன்ஸில் நாம்ஃப்ரெல் என்ற குடிமக்கள் அமைப்பு 1986 தேர்தலில் தொண்டர்களை வைத்து ஓட்டுகளைத் தனியாக எண்ணிக் காட்டியது. அதிபர் மார்க்கோஸ் தரப்புச் சொன்ன எண்ணிக்கையை மக்கள் நம்ப மறுத்ததற்கு அதுவும் ஒரு காரணம். இங்கே அகமதாபாத்தின் சேவா என்ற சுயதொழில் பெண்கள் சங்கம் போன்ற அமைப்புகள் ஆண்டுக்கணக்கில் போராடியதன் பலனாக 2014-ல் தெரு வியாபாரிகள் சட்டம் வந்தது. சின்னக்கடை வீதியில் பூக்கூடை வைத்திருக்கும் அக்காவை நினைத்த நேரத்தில் விரட்ட முடியாது என்று இன்று சட்டம் பேசுவது அதனால்தான். ஆனால் எல்லாமே இப்படிச் சுத்தமாக இல்லை. 1954-ல் சான் பிரான்சிஸ்கோவில் தொடங்கிய ஆசியா ஃபவுண்டேஷனுக்கு அமெரிக்க உளவுத்துறை மறைவாகப் பணம் கொடுத்து வந்தது 1967-ல் வெளியானது. பாவு யாருடையது என்ற கேள்வியைச் சுதந்திரம் பேச வருகிறவர்களிடமும் கேட்க வேண்டும். அம்மாபேட்டைப் பயிற்சி நடத்தியவர்களிடம் நானும் கேட்டேன். பண வரவுக் கணக்கை எடுத்துக் காட்டினார்கள்.

சரி, தமிழுக்கு வருவோம். விடுதலை நல்ல சொல், ஆனால் அது ஒரு நிகழ்வு. சிறையிலிருந்தோ அந்நியர் ஆட்சியிலிருந்தோ வெளியே வரும் கணம் அது. வந்த பிறகு தினமும் வாழ்வதற்கு அது போதாது. தன்னாட்சி பல்கலைக்கழகத்துக்கும் மாநிலத்துக்கும் பொருந்தும், தறிக்காரருக்குப் பொருந்தாது. கட்டற்ற என்பதைச் சந்தைக்குச் சேர்க்கிறார்கள். அதைக் கேட்டதும் அவிழ்த்துவிட்ட மாடுதான் கண்ணில் வருகிறது. கணினி மென்பொருளுக்கு வைத்துக்கொள்ளலாம். எனக்குப் பிடித்தது தன்னுரிமை. ஸ்வவுக்குத் தன் நேராக அமைகிறது, களத்துப் பங்கின் பொருள் உரிமையில் உட்கார்ந்திருக்கிறது. பாடநூலிலும் கட்டுரையிலும் பொருளாதாரத் தன்னுரிமை என்றே எழுதலாம். பேச்சில் சுதந்திரம் இருக்கட்டும். களத்து மேட்டிலும் விருந்திலும் இத்தனை காலம் புழங்கிய சொல்லை வடமொழி என்பதற்காக வெளியேற்ற எனக்கு மனம் வரவில்லை.

பயிற்சியின் இரண்டாம் நாள் பேனரை மாற்றினார்கள். மேலே பெரிதாக 'நம் தொழில், நம் உரிமை'. கீழே சின்ன எழுத்தில் 'ஜனநாயகமும் பொருளாதாரத் தன்னுரிமையும்'. பெரியவர் வந்து இரண்டு வரியையும் நிதானமாகப் படித்தார். "நல்லாருக்குதுங்க" என்றார். அப்புறம் கீழ்வரியைக் காட்டி, "எங்க நெசவாளர் சங்கத்துல ஆளுக்கு ஒரு ஓட்டுங்க. பங்கு அதிகம் வெச்சிருந்தாலும் ஒண்ணுதான். எலெக்சன் வெச்சா நாங்களே ஆளப் போட்டு, நூல் எங்க வாங்கறதுன்னு முடிவு பண்ணலாமில்ல. அதுவும் இதுல வருதுங்களா?" என்று கேட்டார்.

நிகழ்ச்சி நிரலில் அது இல்லை. ஏற்பாட்டாளரிடம் போய்ச் சொன்னேன். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு வரும் முதல் வகுப்பைச் சங்கத் தேர்தலுக்கு மாற்றினார்கள்.