கேஸ் குறைந்த ஏர்கானில் ஐஸ் கட்டுவது எப்படி?

சிங்கப்பூரின் ஈசூனிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். நான்கறை வீடு, ஐந்து பேர். ஜூன் விடுமுறை என்பதால் பிள்ளைகள் நாள் முழுக்க வீட்டில்தான். சின்ன அறை ஏர்கான் ஏற்கெனவே படுத்துவிட்டதால் மாமியார் உட்பட எல்லோரும் பெரிய அறையிலேயே பாயைப் போட்டுப் படுத்திருக்கிறார்கள். இரண்டு நாள் கழித்து அதுவும் குளிரவில்லை. முன்மூடியைத் தூக்கிப் பார்த்தால் உள்ளே காயில் (குளிர்விக்கும் குழாய்ச் சுருள்) முழுக்க வெள்ளை வெளேரென்று ஐஸ். சர்வீஸுக்கு வந்தவர் கேஸ் குறைந்திருக்கிறது, டாப்-அப் செய்ய வேண்டும் என்றாராம். போதாக்குறைக்கு அதே வாரத்தில் ஃபிரிட்ஜும் கோளாறு.

அவருடைய கேள்வியை அப்படியே தருகிறேன்: "கேஸ்தானே குளிர வைக்குது? அது குறைஞ்சா குளிரும் குறையணும் இல்லையா, ஐஸ் எப்படிக் கட்டும்? ஐஸ் கட்டுற அளவுக்குக் குளிர் இருந்தா ரூம் ஏன் குளிரலை?"

ரொம்ப நல்ல கேள்வி. குளிர்பதனத்தின் மொத்தச் சூட்சுமமும் இதற்குள் இருக்கிறது.

ஏர்கானின் அடிப்படை பலருக்கும் தெரிந்ததுதான். உள்ளே இருக்கும் காயிலில் ஒரு திரவம் ஆவியாகிறது (நாம் 'கேஸ்' என்று சொல்வது இதைத்தான்). ஆவியாகத் தேவையான வெப்பத்தை அறைக் காற்றிலிருந்து எடுத்துக்கொள்கிறது. அந்த ஆவியை கம்ப்ரசர் உறிஞ்சி, அழுத்தி, சூடாக்கி, லெட்ஜில் (வீட்டின் வெளிச்சுவர்த் திட்டில்) இருக்கும் வெளிக் காயிலுக்கு அனுப்புகிறது. அங்கே வெப்பத்தை வெளிக்காற்றில் விட்டுவிட்டு மறுபடி திரவமாகி, ஒரு குறுகலான வால்வு வழியாக அழுத்தம் குறைந்து உள்ளே வருகிறது. சுற்று முடிந்தது. இதில் கேஸ் செலவாவதே இல்லை. இந்த ஒரு வரியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

அடுத்து, ஐஸுக்கான தண்ணீர் எங்கிருந்து வருகிறது? நம் ஊர்க் காற்றிலிருந்துதான். 30 டிகிரியில் 80 விழுக்காடு ஈரப்பதம் இருந்தால் ஒரு கன மீட்டர் காற்றில் ஏறக்குறைய 24 கிராம் நீராவி இருக்கும். ஒரு சாதாரணப் படுக்கையறையின் காற்றில் மட்டுமே முக்கால் லிட்டர் தண்ணீர் கண்ணுக்குத் தெரியாமல் மிதக்கிறது. நன்றாக ஓடும் ஏர்கானின் காயில் 10 டிகிரி அளவில் இருக்கும். அதன் மேல் படும் காற்றிலிருந்து நீராவி தண்ணீராகப் படிந்து, தட்டில் விழுந்து, குழாய் வழியாக வெளியேறும். ஒரு மணி நேரத்துக்கு ஒரு லிட்டர் போவதுகூட இங்கே சாதாரணம். தூங்கும் மனிதர் ஒவ்வொருவரும் மூச்சிலும் தோலிலுமாக மணிக்கு முப்பது நாற்பது கிராம் நீராவியை அறையில் சேர்க்கிறார். ஐந்து பேர் ஓர் அறையில் படுத்தால் காயிலுக்கு அந்த வேலையும் கூடுகிறது.

ஏர்கான் பிறந்ததே ஈரத்தை அகற்றத்தான். 1902-ல் நியூயார்க்கின் புரூக்ளினில் ஓர் அச்சகத்துக்காக வில்லிஸ் கேரியர் அதை வடிவமைத்தார். ஈரத்தில் காகிதம் விரிந்து சுருங்கியதால் ஒரு வண்ணத்தின் மேல் அடுத்த வண்ணம் சரியாக உட்காரவில்லை. அதைச் சரிசெய்யப்போய் நமக்குக் குளிர் கிடைத்தது.

இப்போது விஷயத்துக்கு வருவோம். ஒரு திரவம் எந்த வெப்பநிலையில் கொதிக்கும் என்பதை அழுத்தம்தான் தீர்மானிக்கிறது. பிரஷர் குக்கரில் தண்ணீர் 100-ல் கொதிக்காமல் 120 டிகிரி வரை போவது இதனால்தான், பருப்பு சீக்கிரம் வேகிறது. அழுத்தத்தைக் குறைத்தால் இதற்கு நேர்மாறாக நடக்கும். நம் வீட்டு ஏர்கான்களில் இப்போது பரவலாக இருக்கும் ஆர்32 என்ற குளிர்பொருள், சாதாரணக் காற்றழுத்தத்தில் மைனஸ் 52 டிகிரியிலேயே கொதித்துவிடும். 11 பார் அழுத்தத்தில் அடைத்து வைத்தால் 10 டிகிரியில் கொதிக்கும். 8 பாரில்? ஏறக்குறைய பூஜ்ஜியம். (டெக்னீஷியனின் மீட்டர் வெளிக்காற்றின் 1 பாரைக் கழித்துக் காட்டும். அதில் 10, 7 என்று இருக்கும்.) ஆக, காயிலுக்குள் அழுத்தம் வெறும் 3 பார் சரிந்தாலே போதும், பனி விழும் எல்லைக்கு வந்துவிடுகிறோம்.

அழுத்தம் ஏன் சரிய வேண்டும்? காயில் என்பது இரண்டு பேர் பங்கு வகிக்கும் இடம். வால்வு திரவத்தை உள்ளே விடுகிறது, அது கொதித்து ஆவியாகிறது. மறுமுனையில் கம்ப்ரசர் அந்த ஆவியை உறிஞ்சிக்கொண்டே இருக்கிறது. ஆவி பிறக்கும் வேகமும் உறிஞ்சப்படும் வேகமும் எங்கே சமமாகின்றனவோ, அதுதான் காயிலின் அழுத்தம். எங்கோ ஓர் இணைப்பில் கசிந்து கேஸ் குறைந்துவிட்டது என்று வையுங்கள். வால்வு வழியாக வரும் திரவம் குறைகிறது, ஆவியும் குறைவாகவே பிறக்கிறது. கம்ப்ரசரோ பழைய வேகத்திலேயே இழுக்கிறது. காயில் காலியாகிக்கொண்டே போகிறது. அழுத்தம் 11-லிருந்து 10, 9, 8 என்று இறங்குகிறது. அழுத்தம் இறங்க இறங்க, மிச்சமிருக்கும் கொஞ்சத் திரவம் இன்னும் குறைந்த வெப்பநிலையில் கொதிக்கிறது. 8-ஐத் தாண்டியதும் குழாயின் மேல் தண்ணீருக்குப் பதில் பனி.

வாசகியின் முதல் பாதிக் கேள்விக்கு இதுதான் பதில். கேஸ் குறையும்போது காயில் மேலும் குளிர்கிறது. எனக்கு இது எத்தனை முறை யோசித்தாலும் அலுக்காத விஷயம். அளவு குறைந்ததால் உக்கிரம் கூடுகிறது.

இரண்டாம் பாதிக்கு, பள்ளியில் படித்த ஒரு வேறுபாட்டைக் கொஞ்சம் தூசி தட்ட வேண்டும். வெப்பநிலை வேறு, வெப்பம் வேறு. அறை குளிர்வது காயில் எத்தனை டிகிரியில் இருக்கிறது என்பதை மட்டும் பொறுத்ததில்லை. மணிக்கு எத்தனை கிலோ திரவம் அங்கே ஆவியாகிறது என்பதே முக்கியம். ஒவ்வொரு கிலோவும்தான் இவ்வளவு வெப்பம் என்று மூட்டை கட்டித் தூக்கிப் போகிறது. கேஸ் குறைந்த ஏர்கானில் உள்ளே வரும் சொற்பத் திரவமும் முதல் சில சாண் குழாயிலேயே கொதித்துத் தீர்ந்துவிடும். அந்தப் பகுதி மைனஸில் கிடக்கும். மீதிக் காயிலில் கொதிக்க எதுவுமே இல்லை, அது சும்மா வெதுவெதுப்பான அலுமினியம். அறைக் காற்றில் பெரும்பகுதி அதன் வழியாகப் புகுந்து அப்படியே திரும்பி வருகிறது.

டார்ச் அடித்துக் கிட்டத்தில் பாருங்கள். காயிலின் முகப்பில் மெல்லிய அலுமினியத் தகடுகள் வரிசையாக இருக்கும், இரண்டுக்கும் நடுவே ஒன்றரை மில்லிமீட்டர் அளவே இடைவெளி. பனி முதலில் தகட்டின் ஓரத்தில் மாவு தூவியதுபோல் வரும். அது இரண்டு பக்கமும் அரை மில்லிமீட்டர் தடித்தாலே மூன்றில் இரண்டு பங்கு வழி அடைபட்டுவிடும். காற்று குறைந்தால் காயிலுக்கு வந்துசேரும் வெப்பமும் குறையும். வெப்பம் குறைந்தால் கொதிப்பது குறையும், ஆவி குறையும், அழுத்தம் இன்னும் விழும், காயில் இன்னும் குளிரும், பனி இன்னும் வளரும். தன்னைத் தானே ஊட்டி வளர்த்துக்கொள்ளும் சுழற்சி இது. போதாததற்கு ஐஸ் வெப்பத்தைச் சரியாகக் கடத்தாது, அலுமினியத்தில் நூறில் ஒரு பங்குதான். காற்று அடைபட்ட வெண்பனி அதைவிடவும் மோசம். உறைபனி காயிலுக்குப் போர்த்திய கம்பளி ஆகிவிடுகிறது.

இந்தச் சுழற்சிக்குள் நுழைய இன்னொரு வாசலும் உண்டு. கேஸ் முழுதாக இருந்தும் ஃபில்டரில் தூசி அடைத்திருந்தால் காற்று வராது, வெப்பம் வராது, திரவம் கொதிக்காது. அதன் பிறகு எல்லாம் மேலே சொன்ன கதைதான். இரண்டையும் ஓரளவு கண்ணாலேயே பிரித்தறியலாம். கேஸ் குறைவு என்றால் பனி பெரும்பாலும் திரவம் நுழையும் பக்கத்தில் தொடங்கும், மற்ற பகுதி காய்ந்து கிடக்கும். ஃபில்டர் அடைப்பு என்றால் காயில் முழுக்க ஏறக்குறைய ஒரே மாதிரி படியும். வாசகி "காயில் முழுக்க" என்கிறார். ஐந்து பேர் புழங்கும் அறையில் நான் முதலில் ஃபில்டரைத்தான் கழற்றிப் பார்ப்பேன், அப்புறம்தான் கேஸைப் பற்றிப் பேசுவேன்.

அவருடைய மாமியார் "16-ல வை, சீக்கிரம் குளிரும்" என்கிறாராம். பெரும்பாலான வீடுகளில் ரிமோட்டை வைத்து நடக்கும் வழக்கு இது. 25-ல் வைத்தால் அறை 25-ஐத் தொட்டதும் கம்ப்ரசர் ஓய்வெடுக்கும் அல்லது மெதுவாக ஓடும். அந்த இடைவெளியில் லேசாகப் படிந்த பனி உருகி ஓடிவிடும். 16 என்றால் நம் ஊர் அறை அதைத் தொடப்போவதே இல்லை. கம்ப்ரசர் ஓயாமல் முழு வேகத்தில் இழுக்கும், பனி உருக நேரமே கிடைக்காது. புதிய மாடல்களில் காயிலில் ஒரு தெர்மிஸ்டர் (வெப்பநிலையை உணரும் சென்சார்) இருந்து, ரொம்பக் குளிர்ந்தால் கம்ப்ரசரை நிறுத்தும். ஆனால் அது உட்கார்ந்திருப்பது ஒரே இடத்தில். பனி வேறு மூலையில் தொடங்கினால் அதற்குத் தெரிய நேரமாகும்.

டாப்-அப் பற்றி நான் கடுமையாகவே சொல்ல வேண்டும். கேஸ் செலவாவதில்லை என்று முன்பே சொன்னேன். குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது. கசிவைத் தேடாமல் நிரப்புவது ஓட்டை வாளியில் தண்ணீர் ஊற்றுவதுதான். "வருஷத்துக்கு ஒரு தடவை கேஸ் போடணும்" என்பது நம்மிடையே ஊறிப்போன மூடநம்பிக்கை. கசிந்த ஆர்32 ஆகாயத்துக்குப் போகிறது, நூறாண்டுக் கணக்கில் அதே எடையுள்ள கரியமில வாயுவைவிட 675 மடங்கு பூமியைச் சூடாக்கும். நைட்ரஜன் ஏற்றி, இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தடவிக் குமிழி வருகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். நேரம் பிடிக்கும், கூலியும் கூடும். ஆனாலும் அதுதான் முறையான வேலை.

ஃபிரிட்ஜுக்கும் இதே வியாதிதான் என்று நினைக்கிறேன். உறைபெட்டியில் ஐஸ்கிரீம் கல் மாதிரி இருக்கிறது, கீழ்த்தட்டில் பால் திரிந்துபோகிறது என்று எழுதியிருக்கிறார். ஃபிரிட்ஜின் காயில் எப்போதும் பூஜ்ஜியத்துக்கு வெகு கீழே இருப்பது, அதில் பனி படியாமல் தடுக்க முடியாது. அதனால் பனியைத் தானாக உருக்கிக்கொள்ளும் ஃபிரிட்ஜ்களில் உள்ளே ஒரு சின்ன ஹீட்டர் வைத்து, அவ்வப்போது பனியை உருக்கிக் கீழே வடிக்கிறார்கள். குளிர்விக்கும் பெட்டிக்குள் ஹீட்டர் என்றால் பலர் நம்பமாட்டார்கள், ஆனால் அது இல்லாவிட்டால் அந்த வகை ஃபிரிட்ஜ் சில வாரம்கூடத் தாங்காது. அந்த ஹீட்டரோ அதன் ஃபியூஸோ சென்சாரோ போனால் பனி தடித்து, கீழே குளிரை அனுப்பும் காற்றுவழி அடைபடுகிறது. பிள்ளைகள் விடுமுறையில் கதவைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் நம் ஈரக்காற்று உள்ளே போய் அதற்குத் தீனி போடுகிறது. பிளக்கைப் பிடுங்கி, கதவைத் திறந்து போட்டு, ஒரு நாள் உருகவிட்டால் சரியாகும். சில நாளில் மறுபடி வந்தால் ஹீட்டர் பகுதியைத்தான் பார்க்க வேண்டும்.

ஒரே வாரத்தில் இத்தனையும் கெட்டது கண் திருஷ்டி என்று மாமியார் எலுமிச்சையும் மிளகாயும் கட்டியிருக்கிறார். கட்டுவதால் அவர் மனம் நிம்மதியானால் இருக்கட்டும். ஆனால் காரணம் வேறு. சாவி வாங்கிக் குடிவந்தபோது எல்லாவற்றையும் ஒன்றாகத்தானே வாங்கினோம்? எல்லாவற்றுக்கும் ஒரே வயது, ஒரே சூடு. 2023 மே 13 அன்று அங் மோ கியோவில் 37 டிகிரி பதிவானது, 1983-ல் தெங்காவில் பதிவான உச்சத்துக்குச் சமம். அப்படிப்பட்ட நாளில் லெட்ஜில் இருக்கும் காயில் அதைவிடச் சூடாக இருந்தால்தான் வெப்பத்தை வெளியே தள்ள முடியும். அதற்குக் கம்ப்ரசர் இன்னும் அழுத்த வேண்டும், இன்னும் மின்சாரம் இழுக்க வேண்டும். பலவீனமான பாகம் அன்றைக்குத்தான் போகும். பக்கத்து வீட்டுக்காரருக்கும் அன்றைக்கே போகும், அதனால்தான் அந்த வாரம் டெக்னீஷியனும் கிடைப்பதில்லை.

ஆராய்ச்சிப் பணம் எங்கே போக வேண்டும் என்று என்னைக் கேட்டால், ஈரத்தைத் தனியாகவும் குளிரைத் தனியாகவும் கையாளும் வழிகளுக்கு என்பேன். ஈரத்தைப் பிடிப்பதற்காகவே காயிலைத் தேவைக்கு மேல் குளிர வைக்கிறோம், பனியின் எல்லைக்கு அருகிலேயே வண்டி ஓட்டுகிறோம். சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகப் பொறியாளர்கள் 2018-ல், முதலில் ஒரு சவ்வினால் காற்றின் ஈரத்தைப் பிரித்துவிட்டு, பிறகு கம்ப்ரசர் இல்லாமல் தண்ணீராலேயே 18 டிகிரி வரை குளிர்விக்கும் கருவியைக் காட்டினார்கள். உலகம் முழுக்க வெப்பமண்டலத்தில் வாழ்பவர்களுக்கு இதைவிட அவசரமான பொறியியல் இல்லை என்பது என் கருத்து. இதற்குத் தாராளமாகச் செலவு செய்யலாம்.

இன்று ராத்திரிக்கு: கூலிங்கை அணைத்து ஃபேன் மோடில் மட்டும் ஓடவிடுங்கள், இரண்டு மூன்று மணி நேரத்தில் உருகிவிடும். கீழே பழைய துண்டுகளை விரித்துவையுங்கள், தட்டு நிரம்பி வழியும். கத்தியோ கரண்டியோ வைத்துச் சுரண்ட வேண்டாம், தகடு வளையும், குழாய் ஓட்டையானால் நிஜமாகவே கேஸ் போய்விடும். ஃபில்டரைக் கழுவி நிழலில் காயவைத்து மாட்டுங்கள். மாமியாருக்கு ஜன்னலோரம் ஃபேனுக்கு நேராகப் படுக்கை போடுங்கள், படுக்குமுன் தண்ணீர் குடிக்கச் சொல்லுங்கள். வயதானால் வியர்ப்பதும் தாகம் எடுப்பதும் குறையும், சூடு ஏறுவது அவருக்கே தெரியாது. காலையில் 25-ல் போட்டுப் பார்த்து, மறுபடி பனி வந்தால் எந்தப் பக்கத்திலிருந்து தொடங்குகிறது என்று ஒரு படம் எடுத்து வைத்துக்கொண்டு டெக்னீஷியனைக் கூப்பிடுங்கள்.